சிவப்பு மையும் ‘சப்மிட்’ பட்டனும்

நிலம் வாங்கியவர் பெயர் அரசாங்கத்தில் இரண்டு இடத்தில் ஏற வேண்டும். சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரமாக ஒன்று, வருவாய்த் துறையில் பட்டாவாக இன்னொன்று. பத்திரம் முடிந்த கையோடு பூந்தமல்லியில் எவரும் கேட்கும் கேள்வி, “அண்ணே, பட்டா எப்ப மாறும்?” பத்திர எழுத்தரின் பதில்தான் காலத்துக்குக் காலம் வேறு. அன்று “கர்ணத்தைப் பாரு.” பிறகு “விஏஓவைப் பாருப்பா.” இன்று “மெசேஜ் வரும், போனைப் பாரு.”

பதில் சுலபமாகிவிட்டது. ஆனால் ஒரு பதிவை ஒழுங்காகத் திருத்துவது எப்படி என்ற பழைய கேள்வி அப்படியே இருக்கிறது. கணக்குக் கட்டில் எழுதியவருக்கும் அது இருந்தது. இன்று டேட்டாபேஸ் எழுதுபவருக்கும் இருக்கிறது.

கணக்குக் கட்டு

பூந்தமல்லி செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்த நாட்களில் சுற்றுவட்டக் கிராமங்களில் ஏரிப் பாசனமும் நெல்லும்தான் பிழைப்பு. நிலக் கணக்கு, ஊர்க் கணக்குப்பிள்ளையான கர்ணத்தின் கையில். சர்வே எண், பரப்பு, நஞ்சையா புஞ்சையா, தீர்வை எவ்வளவு, பட்டாதாரர் யார் என்பது ‘அ’ பதிவேட்டில் இருக்கும். ஒருவருக்கு அந்த ஊரில் எங்கெங்கே நிலம் என்பது சிட்டாவில். என்ன பயிர், யார் சாகுபடி என்பது அடங்கலில். எல்லைக்கோடுகளின் அளவு புலப்படத்தில்.

மாற்றம் எப்போதாவதுதான் வரும். அப்பா காலமாகி, பிள்ளைகள் பாகம் பிரித்தால் சில வரிகள் மாறும். அதற்கு மேலிடத்து ஆணை வேண்டும். ஆணை வந்ததும் பழைய பெயரின் மேல் சிவப்பு மையில் ஒற்றைக் கோடு விழும். அடியில் இருக்கும் எழுத்து படிக்கிற மாதிரியே இருக்கும். பக்கத்தில் புதுப் பெயர், ஆணை எண், தேதி, சுருக்கொப்பம். பரப்பும் தீர்வையும் மாறவில்லை என்றால் அந்தக் கட்டங்களில் பேனாவே படாது. ஜூலையில் தொடங்கி ஜூனில் முடியும் பசலி ஆண்டுக்கு ஒரு முறை ஜமாபந்தி. கிராமக் கணக்கு முழுவதையும் அதிகாரி முன்னால் விரித்துச் சரிபார்க்கும் சடங்கு அது.

முறை நல்ல முறை. அது இருந்த கைகளைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. கர்ணம் வேலை பரம்பரையாக வந்தது. கணக்குக் கட்டு அவர் வீட்டிலேயே கிடக்கும். அவருக்கு வேண்டாதவர் தன் நிலத்தின் கணக்கைக் கண்ணால் பார்ப்பதே கஷ்டம். 1980-இல் எம்.ஜி.ஆர். அரசு கர்ணம், மணியம் பதவிகளை ஒழித்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1982-இல் அந்த ஒழிப்பு செல்லும் என்று தீர்ப்பானது. தேர்வு எழுதித் தேறிய கிராம நிர்வாக அலுவலர்கள் (விஏஓ) அந்த இடத்துக்கு வந்தார்கள்.

அழிக்கவே முடியாத புத்தகம்

சார்பதிவாளர் அலுவலகத்தின் நியதி வேறு. 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி, அசையாச் சொத்துப் பத்திரங்கள் ‘1-ஆம் புத்தகத்தில்’ வரிசை எண்ணோடு ஏறும். ஆண்டு தொடங்கும்போது எண் 1-லிருந்து தொடங்கும், ஆண்டோடு முடியும். தேடுவதற்கு இரண்டு அட்டவணைகள்: ஒன்று ஆள் பெயர் வழியாக, மற்றது சொத்து வழியாக. வில்லங்கம் போட்டுப் பார்ப்பது என்று நாம் சொல்வது இந்த அட்டவணைகளைப் புரட்டுவதைத்தான்.

இந்தப் புத்தகத்தில் ஏறியது ஏறியதுதான். கிழக்கு எல்லையைத் தவறாக எழுதிவிட்டார்களா? பழைய பக்கத்தை யாரும் தொட மாட்டார்கள். பிழைத்திருத்தல் பத்திரம் என்று தனியாக ஒன்று எழுதி, தனி எண்ணில் பதிவு செய்ய வேண்டும். விற்றவர் மட்டும் தனியாக வந்து, ‘நான் கொடுத்த கிரயத்தை ரத்து செய்கிறேன்’ என்று எழுதிக் கொடுத்தால் போதுமா என்ற சண்டை பல வருடம் நடந்தது. அப்படி ஒருதலையாக ரத்து செய்ய முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2011-இல் சொன்னது.

இதனால்தான் ‘செங்கல்பட்டு ஜில்லா’ என்று தொடங்கும் பத்திரம் இன்றும் செல்லுகிறது. 1997-இல் பூந்தமல்லி புதிய திருவள்ளூர் மாவட்டத்துக்குப் போனது. பக்கத்து மதுரவாயல் 2018-இல் சென்னை மாவட்டத்தில் சேர்ந்தது. பட்டாவின் தலைப்பில் மாவட்டப் பெயர் மாறியது. பத்திரத்தில் மாறவில்லை, மாறவும் கூடாது. பத்திரம் நடந்ததைச் சொல்கிறது. பட்டா இன்றைய நிலையைச் சொல்கிறது. முன்னதில் சேர்க்க மட்டுமே முடியும்; பின்னதைத் திருத்தியே ஆக வேண்டும். சிக்கல் எல்லாம் பின்னதில்தான்.

மொத்தமாகத் திருப்பி எழுதிய வருடங்கள்

1979-இல் தொடங்கி 1987-இல் முடிந்த நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தை முழுப் பெயரில் சொன்னால் யாருக்கும் தெரியாது. ‘யூடிஆர்’ என்றால் வட்டாட்சியர் அலுவலகத்து டீக்கடையில் நிற்பவருக்குக்கூடத் தெரியும். பழைய கணக்கில் இறந்தவர் பெயரெல்லாம் அப்படியே இருந்தது. அனுபவத்தில் இருப்பவர் வேறு. ஆகவே தமிழ்நாடு முழுவதும் கிராமம் கிராமமாக விசாரித்துப் புதுப் பதிவேடு எழுதினார்கள். ஏக்கரும் சென்ட்டும் போய் ஹெக்டேரும் ஏரும் வந்தன. 1 ஏக்கர் 20 சென்ட் என்று இருந்த வயல் 0-48.50 ஆனது.

தேவையான வேலைதான். ஆனால் முறை மாறிவிட்டது. சிவப்புக் கோடு போட்டு ஒரு கட்டத்தை மட்டும் மாற்றிய இடத்தில், முழு வரியையும் புதிதாக எழுதினார்கள். எழுத விட்டுப்போனது காணாமல் போனது. மூன்று அண்ணன் தம்பிகள் பெயர் இருந்த இடத்தில் மூத்தவர் பெயர் மட்டும். சர்வே எண்ணில் ஓர் உட்பிரிவு பக்கத்து நிலத்தோடு ஒட்டிக்கொண்டது. இன்றும் நிலத் தகராறுகளில் அடிக்கடி காதில் விழும் சொல் ‘யூடிஆர் பிழை’. அதைச் சரிசெய்ய யூடிஆருக்கு முந்தைய பதிவேட்டின் நகலைத் தேடி எடுத்து, மனுப் போட்டு அலைந்தவர்கள் ஏராளம். பழைய பதிவேட்டைக் கிழித்துப் போடாமல் ஆவண அறையில் வைத்திருந்ததால்தான் அந்த அளவுக்காவது முடிகிறது.

இதே தவறு கம்ப்யூட்டரிலும் நடந்தது. ஓர் ஆள், அவர் முகவரி, நிலங்கள், பரப்பு எல்லாவற்றையும் ஒரே ஆவணமாகக் கட்டி வைக்கும் டேட்டாபேஸ்கள் உண்டு. மாங்கோ டிபி அவற்றில் பேர் பெற்றது. அதன் பழைய ‘அப்டேட்’ கட்டளையில் ஒரு பொறி இருந்தது. ‘பெயர் = முருகன்’ என்று மட்டும் எழுதி அனுப்பினால், பெயரை மாற்றிவிட்டு மற்றதை விட்டுவைக்கும் என்று புதிதாக வந்தவர் நினைப்பார். அது முழு ஆவணத்தையும் தூக்கி எறிந்துவிட்டுப் பெயர் ஒன்றையே வைக்கும். பரப்பு போச்சு, முகவரி போச்சு. இந்தக் கட்டத்தை மட்டும் மாற்று என்பதற்கு ‘செட்’ என்று தனியாகச் சொல்ல வேண்டும். பின்னால் வந்த பதிப்புகளில் திருத்துவதற்கு ஒரு கட்டளை, முழுதாக மாற்றி வைப்பதற்கு வேறொரு கட்டளை என்று பிரித்துவிட்டார்கள். திருத்தும் கட்டளையில் ‘செட்’ போன்ற சொல் எதுவும் இல்லை என்றால் இப்போது பிழை என்று திருப்பி அனுப்பிவிடும்.

வயல் மனையானது

யூடிஆர் முடிந்த காலத்தையொட்டிப் பூந்தமல்லியின் முகம் மாறத் தொடங்கியது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் தொழிற்சாலைகள். பெங்களூர் நெடுஞ்சாலையில் லாரிகள். காட்டுப்பாக்கம், சென்னீர்குப்பம், நசரத்பேட்டை எங்கும் கல் நட்ட மனைகள். இப்போது கலங்கரை விளக்கத்தில் தொடங்கும் 26.1 கிலோமீட்டர் மெட்ரோ வழித்தடம் பூந்தமல்லி பைபாஸில் முடிகிறது. 2025 மார்ச்சில் இந்த முனையில் சோதனை ஓட்டம் பார்த்தார்கள்.

ஒரு தலைமுறைக்கு ஒரு தடவை மாறிய வரி, ஒரே மாதத்தில் பத்துத் தடவை மாற வேண்டியதாயிற்று. மேலே சொன்ன 1 ஏக்கர் 20 சென்ட்டையே எடுத்துக்கொள்வோம். சர்வே எண் 112/2 என்று வையுங்கள். சாலைக்கு விட்டது போக ஒரு டஜன் மனை. ஒவ்வொரு மனைக்கும் ஒரு கிரயப் பத்திரம். பத்திர அலுவலகத்தில் பன்னிரண்டு எண்கள் ஏறிவிட்டன. பட்டாவிலோ பழைய விவசாயியின் பெயரே பல வருடம் நீடித்தது. சிலர் மனுப் போட்டுக் கூட்டுப் பட்டாவில் பெயர் சேர்த்தார்கள். பலர் ‘பத்திரம்தான் இருக்கே’ என்று விட்டார்கள். அந்தப் பழைய பட்டாவைக் காட்டி அதே மனையை இன்னொருவருக்கு விற்றவர்களும் உண்டு. பட்டா மட்டுமே உரிமை ஆகிவிடாது என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. ஏமாந்தவர் அதைத் தெரிந்துகொள்வது வழக்குப் போட்ட பிறகு.

திரையில் பட்டா

இன்று ‘தமிழ் நிலம்’ மென்பொருளில் பட்டா, சிட்டா, ‘அ’ பதிவேடு, புலப்படம் எல்லாம் இருக்கின்றன. பதிவுத் துறை தன் பக்கத்தில் 2018 பிப்ரவரியில் ‘ஸ்டார் 2.0’ கொண்டுவந்தது. பத்திரம் பதிவானதும் பட்டா மாறுதல் மனு தானாகவே வருவாய்த் துறைக்குப் போகிறது. கர்ணத்தின் திண்ணையில் காத்திருந்தவரின் பேரன், மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண் தட்டி, பஸ்ஸில் நின்றபடியே பட்டாவைப் பார்க்கிறான்.

மனுவில் இரண்டு வகை. சர்வே எண் முழுவதும் கைமாறினால் ‘உட்பிரிவு இல்லாதது’. ஒரு பகுதி மட்டும் கைமாறினால் ‘உட்பிரிவு உள்ளது’.

முதல் வகையில் கம்ப்யூட்டர் செய்யும் நல்ல காரியம் ஒன்று உண்டு. விற்றவர் பெயரும் பட்டாவில் இப்போது இருக்கும் பெயரும் ஒத்துப்போனால்தான் மாறுதல் தானாக நடக்கும். ஒத்துப்போகாவிட்டால் அதிகாரி பார்வைக்குப் போகும். ‘இப்போது இன்னார் பெயரில் இருந்தால் மட்டும் மாற்று’ என்ற அந்த நிபந்தனைதான் பதிவுத் திருத்தத்தின் உயிர். கவுச் டிபி என்ற டேட்டாபேஸ் இதையே ஒவ்வோர் ஆவணத்துக்கும் கட்டாயமாக்கியிருக்கிறது. திருத்த வருபவர் தான் கடைசியாகப் பார்த்த பதிப்பின் அடையாள எண்ணைக் காட்ட வேண்டும்; நடுவில் வேறு யாராவது திருத்தியிருந்தால் ‘முரண்’ என்று கதவைச் சாத்தும். இந்தக் காவல் இல்லாத இடத்தில், ஒரே நேரத்தில் இருவர் திருத்தினால் பின்னால் எழுதியவர் எழுத்து நிற்கும். முன்னவருடையது சத்தமில்லாமல் போய்விடும்.

அந்த நிபந்தனைக்கும் ஒரு விலை உண்டு. பத்திரத்தில் ‘சுப்பிரமணியன்’, பட்டாவில் ‘சுப்பிரமணி’. ஆளுக்குத் தெரியும் இருவரும் ஒருவரே என்று; இயந்திரத்துக்குத் தெரியாது. இந்த இடத்தில் விஏஓவின் விசாரணை இன்னும் தேவைப்படுகிறது.

இரண்டாம் வகை இன்னும் கடினம். சர்வேயர் வந்து அளக்க வேண்டும். 112/2 என்ற எண் மூடப்பட்டு 112/2அ, 112/2ஆ என்று புது எண்கள் பிறக்கும். அவற்றின் பரப்பைக் கூட்டினால் பழைய 0-48.50 வர வேண்டும். புலப்படத்தில் புதுக் கோடு விழ வேண்டும். பெயர், பரப்பு, படம் மூன்றும் சேர்ந்து மாற வேண்டும். ஒன்று நின்றால் மற்ற இரண்டும் நிற்க வேண்டும். ஆவண டேட்டாபேஸ்கள் ஓர் ஆவணத்துக்குள் நடக்கும் திருத்தத்துக்குத்தான் முதலில் இந்த உறுதியைத் தந்தன. பல ஆவணங்களைச் சேர்த்து ‘எல்லாம் அல்லது ஒன்றுமில்லை’ என்று மாற்றும் வசதி மாங்கோ டிபிக்கு 2018-இல் வந்த 4.0 பதிப்பில்தான் கிடைத்தது. பெயர் மாறி, கோடு விழாத பட்டா வைத்திருப்பவர்களுக்கு அந்த வசதியின் அருமை விளக்காமலே புரியும்.

இழந்தது ஒன்றும் உண்டு. பழைய ‘அ’ பதிவேட்டின் பக்கத்தைத் திறந்தால், அடித்த பெயர்களின் அடுக்கே நிலத்தின் கதையைச் சொல்லிவிடும். திரையில் இன்றைய பெயர் மட்டும் பளிச்சென்று இருக்கிறது. அதற்கு முன்னால் யார், அவருக்கு முன்னால் யார் என்று கேட்டால் ஆவண அறைக்கு மனுப் போட வேண்டும். முழு வரலாறும் திரையிலேயே தெரிந்தால் யூடிஆர் பிழை போன்ற பல சண்டைகள் வட்டாட்சியர் அலுவலகப் படியோடு முடிந்துவிடும்.

பட்டா வந்ததும்

மெசேஜ் வந்ததும் பெரும்பாலோர் தங்கள் பெயர் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறார்கள். பெயர் மாற வேண்டியது, அது மாறியிருக்கும். கண் போக வேண்டியது, மாறக் கூடாத கட்டங்களுக்கு. பரப்பு பத்திரத்தோடு ஒத்துப்போகிறதா? உட்பிரிவு எண் சரியா? தந்தை பெயர்? கூட்டுப் பட்டா என்றால் மற்றப் பங்குதாரர் பெயர்கள் அப்படியே இருக்கின்றனவா? குறிப்புரைக் கட்டத்தில் ஆணை எண்ணும் தேதியும் இருக்கின்றனவா? பிழை தெரிந்தால் உடனே மனுக் கொடுக்கலாம். 1983-ஆம் ஆண்டின் பட்டா பாஸ்புத்தகச் சட்டம், வட்டாட்சியர் ஆணைக்கு எதிராகக் கோட்டாட்சியரிடம் மேல்முறையீட்டுக்கும், அதன் பிறகு மாவட்ட வருவாய் அலுவலரிடம் சீராய்வுக்கும் வழி வைத்திருக்கிறது. இன்று கண்டுபிடித்தால் ஒரு மனுவோடு போகும். பிள்ளைகள் காலத்தில் கண்டுபிடித்தால், விற்றவர் இருக்க மாட்டார், அளந்த சர்வேயர் ஓய்வு பெற்றிருப்பார், சாட்சி சொல்ல ஆள் கிடைக்காது.