நாய் வெளியே ஓடுகிறதா? வேலியையும் பாருங்கள், நாயையும் பாருங்கள்



கல்வி உதவி, மருத்துவ உதவி, ஜகாத் கணக்கு என்று எழுதி வந்த இந்தப் பக்கத்தில் நாயைப் பற்றி ஒரு கட்டுரையா என்று சிலர் நினைக்கலாம். காரணம் இருக்கிறது. நம் அறக்கட்டளை இடத்தில் ஆட்டுக் கொட்டகைக்குக் காவலாக ஒரு நாய் வளர்கிறது. மணி என்று கூப்பிடுகிறோம். சில மாதங்களுக்கு முன் ஒருநாள், ஃபஜ்ர் தொழுகை முடிந்து நாங்கள் வெளியே வரும் நேரம், மணி வேலியைத் தாண்டித் தெருவுக்கு வந்துவிட்டது. சைக்கிளில் பால் போடும் அம்மாவைக் குரைத்துக்கொண்டே துரத்தியது. அது கடிக்கவில்லை. ஆனால் அவர் பயந்து விழுந்ததில் மணிக்கட்டில் எலும்பு விரிசல் கண்டது. ஒன்றரை மாதம் வேலைக்குப் போக முடியவில்லை.

மருத்துவச் செலவையும் அந்த நாட்களின் வருமானத்தையும் அறக்கட்டளை ஏற்றுக்கொண்டது. பார்க்கப் போனபோது அவர் கோபப்படவில்லை. "நாய் வளர்க்கிறது தப்பில்ல பாய். அது வெளிய வராம பாத்துக்கறதுதானே உங்க வேலை" என்றார். என்னிடம் பதில் இல்லை.

நான் செய்த தவறு

அன்றே மணியைச் சங்கிலியில் கட்டச் சொன்னேன். இரவும் பகலும் கட்டியே கிடந்தது. இரண்டு வாரத்தில் அதன் குணம் மாறிவிட்டது. தினமும் சோறு வைக்கும் காவல்காரப் பெரியவரைப் பார்த்தே உறுமியது. கழுத்துப் பட்டை உரசிப் புண்ணானது. ஒருநாள் மழையில் சங்கிலி அறுந்தது. தொங்கும் பாதிச் சங்கிலியோடு மறுபடியும் வெளியே போய்விட்டது.

பிறகுதான் கால்நடை மருத்துவரிடம் போனோம். அவர் புண்ணுக்கு மருந்து போட்டுவிட்டு இரண்டே கேள்விகள் கேட்டார்: "ஏன் போகுது? எந்த வழியா போகுது?" இரண்டுமே எங்களுக்குத் தெரியவில்லை. பார்க்காமலேயே கட்டிப் போட்டிருந்தோம்.

குன்றத்தூரிலும் சுற்றுப்புறத்திலும் இப்போது மனை வாங்கிக் கம்பி வேலி போட்டு, காவலுக்கு நாய் வைத்திருக்கும் வீடுகள் பல. நம் மஹல்லாவிலும் ஆடு, கோழி வளர்ப்பவர்கள், ஒதுக்குப்புறத்தில் வீடு கட்டியவர்கள் நாய் வைத்திருக்கிறார்கள். நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டது அவர்களுக்குப் படாமலேயே தெரியட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதல் கேள்வி: ஏன் போகிறது?

பெரும்பாலும் ஐந்து காரணங்களில் ஒன்றாக இருக்கும்.

1. சலிப்பு. நாய் ஓடித் திரியும் பிராணி. நாள் முழுக்க ஒரே இடத்தில் ஆள் அரவமில்லாமல் கிடந்தால் வெளியே வேடிக்கை தேடும். நம் நாட்டு வேட்டை இனங்களான ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி போன்றவற்றுக்கு இது இன்னும் அதிகம். அவை ஓடவும் துரத்தவும் வளர்த்தெடுக்கப்பட்டவை.

2. இனச்சேர்க்கை. பெண் நாய் பொதுவாக வருடத்துக்கு இரண்டு முறை பருவத்துக்கு வரும். ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய மூன்று வாரம் நீடிக்கும். அந்த வாசனைக்குத் தூரத்தில் இருக்கும் ஆண் நாயும் வேலி தாண்டும்.

3. பயம். பட்டாசும் இடியும் நாய்க்குப் பெரும் பீதி. தீபாவளி இரவில் தொலையும் நாய்கள் ஏராளம். நமக்கு வடகிழக்குப் பருவமழையும் அதே சமயத்தில்தான் வருகிறது.

4. துரத்தும் ஆசை. வேலிக்கு வெளியே பூனை, கோழி, சைக்கிள், ஓடும் பிள்ளைகள் தெரிந்தால் பின்னாலேயே போகப் பார்க்கும்.

5. பசி, தாகம், நிழல் இல்லாமை. பகலில் வெயில் முழுக்க விழும் இடத்தில் தண்ணீரும் இல்லாமல் விட்டால் எந்த உயிரும் அங்கே நிற்காது.

இரண்டாவது கேள்வி: எந்த வழியாகப் போகிறது?

இதைக் கண்டுபிடிக்கச் செலவே இல்லை. வேலியின் உள்பக்கம் ஓரமாக அடுப்புச் சாம்பலையோ கோலமாவையோ மெல்லிய பட்டையாகத் தூவிவிடுங்கள். மறுநாள் காலடி எந்த இடத்தில் நிற்கிறது என்று பாருங்கள். அல்லது வெளியே போவதுபோல் போய், எதிர் வீட்டு மாடியிலிருந்து ஒரு மணி நேரம் கவனியுங்கள். நாய்க்கு வழக்கமான ஒரு வழி இருக்கும்.

மணிக்கு இரண்டு வழி இருந்தது. கட்டட வேலையில் மிஞ்சிய செங்கல்லைச் சுவர் ஓரமாக அடுக்கியிருந்தோம், அது படிக்கட்டு. பின்பக்கம் கம்பி வேலியின் அடியில் மழையில் மண் கரைந்திருந்தது, அது வாசல். இரண்டையும் அமைத்துக் கொடுத்தது நாங்கள்தான்.

தாண்டிக் குதிக்கும் நாய்க்கு

சுவரை உயர்த்தும் முன் சுவர் ஓரத்தைக் காலி செய்யுங்கள். செங்கல், மணல் குவியல், தண்ணீர்த் தொட்டி, பூந்தொட்டி, விறகு, பழைய ஸ்கூட்டர் எல்லாமே அதற்கு ஏறுபடி. உயரமான நாய்க்கு ஆறடி உயரம் தேவைப்படும். நாலடிச் சுவர் போதும் என்று நம்பிவிடாதீர்கள்.

சுவரை இடித்துக் கட்ட முடியாதவர்கள் அதன் மேல் இரண்டடிக்குக் கம்பி வலையை உள்பக்கமாகச் சாய்த்துக் கட்டலாம். குதிக்கும் நாய்க்குத் தலைக்கு மேல் தடுப்பு தெரியும். இன்னொரு முறை, சுவரின் உச்சியில் தடித்த கம்பி ஒன்றை இழுத்துக் கட்டி, அதில் மூன்று நான்கு அங்குல பிவிசி குழாயைக் கோத்துவிடுவது. நாய் காலைப் பதித்ததும் குழாய் உருளும். பிடி கிடைக்காமல் உள்ளேயே இறங்கிவிடும். காயம் படாது.

வைர வடிவக் கண்ணி உள்ள கம்பி வேலியில் சில நாய்கள் ஏணிபோல் ஏறும். அந்த வேலிக்கு உள்பக்கம் தகரமோ பச்சை வலையோ கட்டினால் ஏறப் பிடி இருக்காது. தெருவும் கண்ணுக்குத் தெரியாது. துரத்தும் ஆசையும் பாதி குறையும்.

தோண்டிப் போகும் நாய்க்கு

வேலிக்கு அடியில் ஒன்றரை அடி ஆழத்துக்குக் கம்பி வலையைப் புதைக்கலாம். அவ்வளவு தோண்ட வசதி இல்லையென்றால் வலையை ‘ட’ எழுத்தின் மூலைபோல் மடக்குங்கள். ஒரு பக்கத்தை வேலியோடு சேர்த்துக் கட்டுங்கள். மறுபக்கம் இரண்டடி, நாய் நிற்கும் உள்பக்கத் தரையில் படிய வேண்டும். அதன் மேல் மண் போட்டு மூடிவிடுங்கள். நாய் வேலியை ஒட்டித்தான் தோண்டும். நகம் வலையில் பட்டதும் விட்டுவிடும். வெட்டு முனைகளைக் கீழ்நோக்கி மடக்கிவிட மறக்காதீர்கள்.

நாங்கள் கல் பட்டறையில் மிஞ்சிய கடப்பாக் கல் துண்டுகளை வாங்கி வேலி ஓரம் வரிசையாகப் பதித்தோம். மழைக்காலம் தொடங்கும் முன்பும் முடிந்த பின்பும் ஒருமுறை வேலியைச் சுற்றி நடந்து பாருங்கள். ஈர மண்ணில் தூண் சாயும், அடியில் பள்ளம் விழும். தலை நுழையும் இடத்தில் பெரும்பாலும் உடம்பும் நுழைந்துவிடும் என்பதை நினைவில் வையுங்கள்.

கேட் வழியாகப் போகும் நாய்க்கு

பல வீடுகளில் குற்றவாளி வேலி அல்ல, கேட்தான். தண்ணீர் கேன் போடுபவர், கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவர், பள்ளி விட்டு வரும் பிள்ளை என்று யாராவது திறந்துபோட்டுப் போவார்கள். தானாக மூடிக்கொள்ளும் ஸ்பிரிங் கீல் போடுங்கள். தாழ்ப்பாளை நாயின் மூக்குக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். கேட்டின் அடியில் இரண்டு அங்குலத்துக்கு மேல் இடைவெளி இருந்தால் தகரப் பட்டை அடித்து அடையுங்கள். இடம் உள்ளவர்கள் கேட்டுக்கு உள்ளே இன்னொரு சிறு கதவு வைத்தால் மிகவும் நல்லது. ஒன்று மூடிய பிறகே மற்றதைத் திறப்பது என்று வீட்டில் எல்லோருக்கும் பழக்குங்கள்.

செய்யக் கூடாதவை

சுவரின் மேல் கண்ணாடித் துண்டு பதிக்காதீர்கள், முள்கம்பி சுற்றாதீர்கள். பயந்து ஓடும் நாய் வயிற்றைக் கிழித்துக்கொள்ளும். வீட்டு மின்சாரத்தை வேலியில் கொடுப்பது சட்டப்படி குற்றம். நாய்க்கு முன் நம் பிள்ளை செத்துப்போகும்.

சுவருக்குப் பக்கத்தில் சங்கிலியில் கட்டவே கட்டாதீர்கள். நாய் தாண்டிக் குதித்து மறுபக்கம் தொங்கினால் கழுத்து இறுகிவிடும். நாயை ஓயாமல் கட்டியே போடுவதும், கட்டுப்பட்ட நாயை நடக்கவிடாமல் வைப்பதும் 1960-ம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-வது பிரிவின்படி வதைதான்.

ஓடிப்போன நாய் திரும்பி வந்தால் அடிக்காதீர்கள். ஓடிப்போனதற்காக அடி விழுகிறது என்று அதற்குப் புரியாது. வீட்டுக்கு வந்ததற்காக அடி விழுகிறது என்றுதான் புரியும். அடுத்த முறை கூப்பிட்டால் வராது. பின்னாலேயே ஓடுவதும் பயன் தராது. அது விளையாட்டு என்று நினைத்து இன்னும் ஓடும். குந்தி உட்கார்ந்து, பெயர் சொல்லி, தீனியைக் காட்டிக் கூப்பிடுங்கள்.

உள்ளேயே இருக்க மனம் வரச் செய்வது

வேலி பாதி வேலைதான் செய்யும். காலையில் வெயில் ஏறும் முன்பும் மாலையிலும் அரை மணி நேரமாவது கயிற்றில் பிடித்து நடத்துங்கள். வேளைக்குச் சோறு, எந்நேரமும் தண்ணீர், நிழல், மழைக்கு ஒதுங்க ஓர் இடம் கொடுங்கள். ‘வா’ என்றதும் வந்தால் ஒரு துண்டு தீனி கொடுத்துப் பழக்குங்கள். பட்டாசு நாட்களில் முன்கூட்டியே நடத்திவிட்டு, இருட்டும் முன் அறைக்குள் அடைத்துவிடுங்கள்.

கருத்தடை அறுவை செய்தால் ஆண் நாயின் அலைச்சல் பெரிதும் குறையும். பெண் நாயைத் தேடி மற்ற நாய்கள் வேலியை உடைப்பதும் நிற்கும். ஏற்ற வயதை அரசு கால்நடை மருத்துவமனையில் கேளுங்கள். வேப்பேரியில் உள்ள சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் ஆலோசனை பெறலாம். குட்டிக்கு மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிறகு மருத்துவர் சொல்லும் தவணைப்படி தொடருங்கள். கழுத்துப் பட்டையில் உங்கள் கைபேசி எண் இருக்கட்டும்.

இத்தனைக்கும் மீறி யாரையாவது கடித்துவிட்டால், காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், மிளகாய்ப் பொடி, சுண்ணாம்பு எதுவும் வைக்காமல் உடனே அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். ஊசி அங்கே இலவசம். எத்தனை தவணை சொல்கிறார்களோ அத்தனையும் போட வேண்டும். வெறிநோய் முற்றி அறிகுறி தெரிந்துவிட்டால் காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாது.

சட்டமும் மார்க்கமும்

2024 மே மாதம் நுங்கம்பாக்கம் மாநகராட்சிப் பூங்காவில் கட்டாமல் விடப்பட்ட இரண்டு ராட்வைலர் நாய்கள் ஐந்து வயதுப் பெண் குழந்தையைக் கடித்துக் குதறியது நினைவிருக்கும். நாயின் உரிமையாளர் கைது செய்யப்பட்டார். பாரதிய நியாய சன்ஹிதா 291-வது பிரிவின்படி, தன் வளர்ப்புப் பிராணியால் பிறருக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளத் தவறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம். சென்னை மாநகராட்சி எல்லைக்குள் நாய்க்கு உரிமம் கட்டாயம். நம் பகுதியினர் நகராட்சி அலுவலகத்தில் விதிமுறைகளைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

நாய் வளர்க்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வேட்டைக்கும், கால்நடை, விளைநிலக் காவலுக்கும் நபி (ஸல்) அவர்கள் அனுமதி அளித்தது ஹதீஸ்களில் உள்ளது. வீட்டுக் காவலையும் அதோடு ஒப்பிட்டு அனுமதித்த அறிஞர்கள் உண்டு. நாயின் எச்சில் பட்டதைச் சுத்தம் செய்வதில் ஷாஃபி, ஹனஃபி மத்ஹபுகளுக்கிடையே வேறுபாடு இருப்பதால் உங்கள் இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால் வளர்க்கத் தொடங்கிய பிறகு இரண்டு பொறுப்புகளில் கருத்து வேறுபாடே இல்லை. தாகத்தில் தவித்த நாய்க்காகக் கிணற்றில் இறங்கி, காலுறையில் தண்ணீர் மொண்டு கொடுத்தவர் மன்னிக்கப்பட்டார். பூனையைக் கட்டிப்போட்டுப் பட்டினியால் சாகவிட்ட பெண் தண்டனைக்கு ஆளானார். அண்டை வீட்டாருக்குத் தன்னால் தொல்லை வரும் என்ற அச்சத்தைத் தருபவரின் ஈமானைப் பற்றி வந்துள்ள கடுமையான எச்சரிக்கையும் நாம் அறிந்ததே. அந்த அண்டை வீட்டார் எந்த மதத்தவர் என்று அங்கே கேட்கப்படவில்லை.

மணி இப்போது சங்கிலி இல்லாமல் கொட்டகையைச் சுற்றி வருகிறது. செங்கல் அடுக்கு போய்விட்டது, கல் பதித்தாயிற்று, அறுவையும் முடிந்தது. தினமும் இரண்டு வேளை காவல்காரப் பெரியவர் நடத்திக்கொண்டு போகிறார். கடந்த தீபாவளியன்று மட்டும் ஒருமுறை கேட் வரை முட்டிப் பார்த்தது, தாழ்ப்பாள் தாங்கியது.

பால் போடும் அம்மா மறுபடியும் நம் தெருவுக்கு வருகிறார். ஆனால் நம் கேட் பக்கம் வரும்போது இன்றும் சைக்கிளை விட்டு இறங்கி, தள்ளிக்கொண்டுதான் போகிறார். அந்தப் பயத்தை எந்த மருத்துவச் செலவாலும் எங்களால் ஈடு செய்ய முடியவில்லை. உங்கள் வீட்டு வேலியை இந்த வாரமே ஒருமுறை சுற்றிப் பாருங்கள்.

நம்மால் யாருக்கும் தீங்கு நேராமல் அல்லாஹ் காப்பானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்,
செயலாளர்