சுரபுன்னைக் காட்டில் ஒரு கோடைப் பகல்

வேனிற்காலம் வந்துவிட்டால் மலை ஏறுவதுதான் நாகரிகம் என்று நம்மவர்கள் எண்ணுகிறார்கள். ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ போவதற்குப் போதிய பணமும் விடுமுறையும் இல்லாத நாங்கள் நால்வர், சென்ற சித்திரையில் ஒரு நாள் நெய்வேலி நகரியத்திலிருந்து கடலை நோக்கிப் புறப்பட்டோம். வடலூர், சேத்தியாத்தோப்பு, புவனகிரி வழியாகச் சிதம்பரம் சென்று, அங்கே பஸ் மாறிப் பிச்சாவரம் படகுத்துறையை அடைந்தோம்.

எங்களில் ஒருவர் சுரங்கத்தில் வேலை பார்ப்பவர். நீச்சல் தெரியாது, துணிச்சல் மாத்திரம் ஏராளம். மிதவை அங்கியை மாட்டிக்கொண்டதும், "படகை நாங்களே வலிக்கிறோம்" என்றார். படகோட்டிப் பெரியவர் சிரித்தபடி துடுப்புகளை நீட்டினார். "வலிங்க தம்பி, படகு எங்கே போவுதுன்னு பார்ப்போம்" என்றார். படகு எங்கும் போகவில்லை. இருந்த இடத்திலேயே இரண்டு முறை பிரதட்சிணம் செய்தது!

வடக்கே வெள்ளாறும் தெற்கே கொள்ளிடமும் கடலோடு கலக்கின்றன. இரண்டு கழிமுகங்களுக்கும் நடுவே, கடலலை நேரே வந்து மோதாத உப்பங்கழியில், ஐம்பதுக்கு மேற்பட்ட சிறு தீவுகள் பச்சைக் கம்பளங்களைப் போல் மிதக்கின்றன. அவற்றுக்கிடையே ஓடும் கால்வாய்கள் எண்ணற்றவை. பெரியவர் துடுப்பை வாங்கிக்கொண்டு ஒரு குறுகிய கால்வாய்க்குள் படகைச் செலுத்தியதும் வெயில் மறைந்தது. இருபுறத்து மரங்களும் தலைக்கு மேலே கைகோத்துக்கொண்டன.

சுரபுன்னை மரம் அடிமரத்திலிருந்து வில்போல் வளைந்த வேர்களைச் சேற்றில் ஊன்றி நிற்கிறது. வெண்கண்டலின் வேர்களோ பென்சில் முனைகளைப் போல் சேற்றுக்கு மேலே நீட்டிக்கொண்டு சுவாசிக்கின்றன. சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைத் தந்த தில்லை மரமும் இங்கே உண்டு. அதன் பால் கண்ணுக்கு ஆகாது. எல்லாவற்றையும்விட அதிசயம் சுரபுன்னையின் பிள்ளை வளர்ப்பு. அதன் விதை தாய்மரத்திலேயே முளைத்து, முருங்கைக்காய்போல் நீண்ட பின்னரே கீழே விழுகிறது. தன் காலில் நிற்கத் தெரிந்த பிறகே குழந்தையை வீட்டைவிட்டு அனுப்பும் தாய்!

சுரங்க நண்பர் கை நீட்டி அப்படியொரு நாற்றைப் பறித்துவிட்டார். பெரியவரின் முகம் சுருங்கிற்று. ஆனால் ஒன்றும் சொல்லவில்லை.

சிறிது நேரத்தில் நீர் வற்றத் தொடங்கிப் படகு தரைதட்டியது. நாங்கள் இறங்கி முழங்கால் அளவு சேற்றில் நின்று தள்ளினோம். சற்றுத் தொலைவில் இருளர் குலப் பெண்கள் சிலர், நீரில் அமர்ந்து கைகளாலேயே துழாவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் திண்டாட்டத்தைக் கண்டு அவர்கள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் ஒலிக்கிறது.

இக்காட்டுக்கு ஒரு துயரக் கதை உண்டு. இருபதாம் நூற்றாண்டில் பல்லாண்டுக் காலம் இங்கே பகுதி பகுதியாக மரங்களை அடியோடு வெட்டினார்கள். நிழலிழந்த சதுப்பு நிலம் காய்ந்து தாழ்ந்தது. உள்ளே வந்த கடல்நீர் திரும்ப வழியின்றித் தேங்கி ஆவியாகி, உப்பே மிஞ்சிற்று. அந்தப் பள்ளங்களில் புதுக்கன்று முளைக்கவில்லை. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார், வனத்துறையோடும் ஊர் மக்களோடும் சேர்ந்து, மீன் முள்ளைப்போல் கிளைத்த கால்வாய்களை வெட்டினார்கள். அவற்றின் வழியே கடல்நீர் ஏறி இறங்கிற்று. நட்ட கன்றுகள் பிழைத்தன. 2004 டிசம்பர் 26ஆம் தேதி ஆழிப்பேரலை வந்தபோது, காட்டின் மறைவிலிருந்த குப்பங்களில் சேதம் குறைவாகவே இருந்தது என்று பின்னர் ஆராய்ந்தவர்கள் எழுதினார்கள். 2022ல் பிச்சாவரம் உலகறிந்த ராம்சார் ஈரநிலங்களின் பட்டியலிலும் இடம்பெற்றது.

பெரியவர் இவற்றை ஒரே வாக்கியத்தில் சொல்லி முடித்தார்: "காடு இருந்திச்சு, நாங்க இருக்கோம்."

சுரங்க நண்பர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "நாங்கள் தினமும் வெட்டி எடுக்கும் பழுப்பு நிலக்கரியும் ஒரு காலத்தில் சதுப்பு நிலத்தில் நின்ற காடுதான். அது மக்கிக் கரியாக எத்தனை லட்சம் வருஷங்கள்!" என்றார். நெய்வேலி விளக்குகளை எரியவைக்கும் அந்தக் காட்டை நாம் மறுபடி வளர்க்க முடியாது. கண்ணெதிரே நின்ற காட்டையோ, மனிதர் கெடுத்தும் மனிதரே திருத்த முடிந்திருக்கிறது.

படகு மிதந்ததும் நாங்கள் ஏறிக்கொண்டோம். நண்பர் மாத்திரம் ஏறவில்லை. "தம்பி, அதை நட்டுட்டு வாங்க" என்றார் பெரியவர். பறித்த நாற்றை நண்பர் இரண்டு கைகளாலும் சேற்றில் ஊன்றினார். அது பிழைத்ததா என்று பார்க்க அடுத்த கோடையில் மீண்டும் போவதாக இருக்கிறோம்.