ஐப்பசி மழையும் சுவரின் கறையும்

வடகிழக்குப் பருவமழை ஐப்பசியில் தொடங்கி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்து, மார்கழிப் பனிக்கு வழிவிட்டு விலகும் காலத்தில், சென்னையிலும் கடலோர ஜில்லாக்களிலும் சுவரோடு ஒட்டி நிற்கும் பீரோவைச் சற்றே நகர்த்திப் பார்ப்பவர்கள், அதன் பின்னால் கறுப்பும் பச்சையுமாகப் புள்ளியிட்டுப் படர்ந்த பூஞ்சணத்தைக் காண்பது சர்வசாதாரணம். அதற்கு முன்பே, மடித்து வைத்த பட்டுப் புடவைகளில் அந்துருண்டையின் நெடியையும் மீறி ஒரு மக்கல் வாடை எழுந்து வீட்டாருக்குத் தகவல் சொல்லியிருக்கும்.

2021-ஆம் ஆண்டில் கோவிட் நோயாளிகளைத் தாக்கிய ‘கறுப்புப் பூஞ்சை’யைப் பற்றிப் படித்தவர்களில், சுவரில் கறுப்பாக எதைக் கண்டாலும் கதிகலங்குவோர் உண்டு. அந்த நோயை உண்டாக்கிய மியூகோர் வகுப்புப் பூஞ்சைகள் வேறு. அவை அழித்த தசை கறுத்துப்போவதால் வந்த பெயர் அது. சுவரில் படர்பவை பெரும்பாலும் ஆஸ்பெர்ஜில்லஸ், பெனிசிலியம், கிளாடோஸ்போரியம் முதலான இனங்கள். தேக ஆரோக்கியம் உள்ளவர்களுக்கு அவற்றால் தும்மல், மூக்கடைப்பு, கண் அரிப்பு ஆகியவற்றுக்கு மேல் உபத்திரவம் நேர்வது அபூர்வம் என்றாலும், ஆஸ்துமாக்காரர்களுக்கு இரைப்பு அதிகமாகக்கூடும். இன்ன இனமென்று பரிசோதனைச் சாலைக்கு அனுப்பி அறிவதில் செலவு உண்டே தவிரப் பிரயோஜனம் குறைவு. எந்த இனமானாலும் பரிகாரம் ஒன்றுதான்.

ஆயினும், சுவரில் தோன்றுவதெல்லாம் பூஞ்சணம் அல்ல. செங்கல்லிலும் சிமெண்டிலும் உள்ள உப்பு, ஓதத்தோடு வெளியே வந்து வெண்பொடியாகப் பூப்பதும் உண்டு; அதன்மேல் நீரைத் தெளித்தால் கரைந்துவிடும், பூஞ்சணம் கரையாது. கருங்கறையின்மேல் பிளீச்சிங் கரைசலில் ஒரு சொட்டு வைத்துப் பார்க்கையில், ஓரிரு நிமிஷத்தில் அது வெளுத்தால் பூஞ்சணமென்றும், அப்படியே இருந்தால் புகையோ அழுக்கோ என்றும் பெரும்பாலும் அனுமானிக்கலாம்.

பூஞ்சையின் வித்துகள் எந்த வீட்டுக் காற்றிலும் எப்போதும் மிதந்துகொண்டிருப்பவை. ஈரம் 24 முதல் 48 மணி நேரம் நிலைத்துவிட்டால் முளைத்துவிடும். ஆகையால், ஆராய வேண்டியது ஈரம் எங்கிருந்து வருகிறது என்பதையே. ஓரடிச் சதுரமான பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து நான்கு ஓரங்களையும் ஒட்டி, ஓரிரு நாள் கழித்துப் பார்த்தால், நீர்த்துளி தாளின் உட்புறம் கோத்திருப்பின் ஓதம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்புறம் கோத்திருப்பின், அறைக்குள் துணி உலர்த்தியும் ஜன்னலை அடைத்தும் நாமே சேர்த்துக்கொண்ட ஈரம் அது. முன்னதற்கு மொட்டைமாடித் தட்டோடுகளின் இடுக்கு, கைப்பிடிச் சுவர் விரிசல், மழைநீர்க் குழாயின் இணைப்பு ஆகியவற்றைப் பார்க்கவேண்டும்; பின்னதற்குக் காற்றோட்டமும், பீரோவைச் சுவரைவிட்டு அரையடி தள்ளி வைப்பதுமே போதும்.

பழைய வீடுகளில் பொங்கலுக்குமுன் சுண்ணாம்பு அடித்த வழக்கத்தில் ஒரு யுக்தி அடங்கியிருந்தது. சுண்ணாம்பின் காரம் பூஞ்சையை எளிதில் அண்டவிடாது. அதன் நுண்துளைகள் சுவரின் ஈரத்தை வெளியேறவிடும். மழை ஓய்ந்த பிறகே அந்த வேலையும் நடந்தது. இன்றோ தீபாவளிக்கென்று, மழை தொடங்கும் தறுவாயில், பிளாஸ்டிக் பெயிண்டைப் பூசி ஈரத்தை உள்ளேயே சிறைவைத்துவிட்டு, கார்த்திகையில் அது கொப்புளித்து உரியும்போது பெயிண்டுக்காரரைக் கோபித்துக்கொள்கிறோம்!

சுத்தம் செய்யப் புகுமுன் மின்விசிறியை நிறுத்திவிடுவது நலம். உலர்ந்த துடைப்பத்தால் தட்டினால் வித்துகள் வீடெங்கும் பறக்கும். என்95 முகக்கவசமும் ரப்பர் கையுறையும் அணிந்து, சுவரை முதலில் நனைத்து, சோப்புத் தண்ணீரால் தேய்த்துக் கழுவித் துடைத்து உலர்த்துவதே போதுமான உபாயம். பிளீச்சிங் பவுடரைக் கொட்டினால்தான் திருப்தி என்பவர்கள், கழிவறை ஆசிடையோ அம்மோனியா கலந்த திரவத்தையோ அதோடு சேர்த்துவிடாதிருக்கவேண்டும். மூடிய அறையில் அக்கலவையிலிருந்து எழும் விஷவாயு பூஞ்சணத்தைவிடப் பன்மடங்கு கொடியது. சுவிட்சுப் பலகையருகே ஓதம் தெரிந்தால் மெயினை அணைத்து, மின்பணியாளரை அழைத்த பிறகே மற்ற வேலை. கறை பத்துச் சதுர அடிக்கு மேல் பரவியிருந்தால் அனுபவமுள்ளவர்களிடம் ஒப்படைப்பதே உசிதம். ஆஸ்துமாக்காரர்களும் குழந்தைகளும் வேலை முடியும்வரை அந்த அறைப்பக்கம் வராதிருப்பது நல்லது. பூஞ்சணம் ஊறிய பஞ்சு மெத்தையை வெயிலில் போட்டு மீட்கலாமென்ற ஆசை வேண்டாம். மரச்சாமானையும் பாத்திரத்தையும் கழுவி மீட்கலாம், மெத்தை போனது போனதுதான்.

கழுவிய கையோடு மறுபூச்சுப் பூச அவசரப்படுவது நம் ஜனங்களின் சுபாவம். கட்டடப் பொறியாளர்களின் உத்தேசக் கணக்கு, நனைந்த சுவர் உலர ஓர் அங்குலக் கனத்துக்கு ஏறக்குறைய ஒரு மாதம் என்பது. காற்றும் வெயிலும் கூடினால் அது குறையும். ஆகவே, கார்த்திகையில் ஊறிய ஒன்பது அங்குலச் சுவரின் ஒழுக்கை இப்போதே அடைத்துவிட்டு, வர்ணத்தைப் பங்குனி வெயில்வரையாவது தள்ளிப்போடுவது உத்தமம். அதற்குள் வீட்டில் கல்யாணம் நிச்சயமாகிவிட்டால், ஒரு கை சுண்ணாம்பு அடித்துச் சமாளிக்கலாம்.