தலைமாட்டுத் துப்பாக்கிக்கு எந்தப் பூட்டு?

2008 மார்ச் 18 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் ஒரு பூட்டைப் பற்றிச் சிரிப்பு எழுந்தது. தலைநகர் வாஷிங்டனில் அப்போது கைத்துப்பாக்கிக்குத் தடை. வேறு துப்பாக்கி வைத்திருப்பவர்களும் அதைத் தோட்டா இல்லாமல், ஒன்று கழற்றி வைக்க வேண்டும், அல்லது விசையில் பூட்டுப் போட்டு வைக்க வேண்டும். இதை எதிர்த்துத்தான் வழக்கு. நகரத்தின் தரப்பில் வாதாடிய வால்ட்டர் டெலிஞ்சர், எண் பூட்டு ஒன்றைத் திறக்கத் தனக்கு மூன்றே விநாடிதான் ஆனது என்றார். நீதிபதி ஸ்காலியா விடவில்லை. முதலில் கட்டில் பக்கத்து விளக்கைப் போட வேண்டும், பிறகுதானே எண்ணைத் திருப்ப வேண்டும் என்றார். அப்படியே மூக்குக் கண்ணாடியையும் எடுத்து மாட்டிக்கொள்ள வேண்டும் என்று தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் சேர்த்துக்கொண்டார். மன்றமே சிரித்தது.

அந்த ஜூனில் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் சட்டம் அடிபட்டுப் போனது. ஆனால் ஸ்காலியா எழுதிய அதே தீர்ப்பில், விபத்தைத் தடுப்பதற்காகத் துப்பாக்கியை எப்படிப் பத்திரப்படுத்த வேண்டும் என்று சொல்லும் சட்டங்கள் இதனால் செல்லாமல் போய்விடாது என்றும் ஒரு வரி இருந்தது. ஆறு ஆண்டுகள் கழித்து சான் பிரான்சிஸ்கோ நகரத்தின் சட்டம் ஒன்று மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு வந்தது. கைத்துப்பாக்கி உடம்போடு இல்லாத நேரத்தில் அது பூட்டிய பெட்டிக்குள் இருக்க வேண்டும், அல்லது விசைப்பூட்டோடு இருக்க வேண்டும் என்பது சட்டம். அது செல்லும் என்று நீதிமன்றம் சொன்னது. சொன்ன காரணங்களில் ஒன்று, இந்தக் காலத்துத் துப்பாக்கிப் பெட்டிகளைச் சட்டென்று திறந்துவிட முடியும் என்பது.

நூறு டாலர் பெட்டி ஒன்றை நம்பி நீதிமன்றம் தீர்ப்பு எழுதும் அளவுக்கு விஷயம் வளர்ந்திருக்கிறது. அந்த நம்பிக்கைக்கு எல்லாப் பெட்டியும் தகுதியானதா என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

அமெரிக்கர்கள் துப்பாக்கி வாங்குவது வேட்டைக்காக என்று நாம் நினைப்பது பழைய கதை. பியூ ஆய்வு மையம் 2023இல் கேட்டபோது, வயது வந்தோரில் 32 சதவீதத்தினர் தங்களிடம் துப்பாக்கி இருப்பதாகச் சொன்னார்கள். அவர்களில் 72 சதவீதத்தினர் சொன்ன முக்கியக் காரணம் பாதுகாப்பு. பாதுகாப்புக்கென்று வாங்கியவர் அதைப் பரணில் போட்டு வைக்க மாட்டார். தலைமாட்டில் வைப்பார், தோட்டா நிரப்பி வைப்பார், இழுப்பறையை இழுத்தால் கைக்கு வரும்படி வைப்பார். விபரீதம் தொடங்கும் இடமும் அதுதான். துப்பாக்கி தவறுதலாக வெடித்துக் குழந்தைகளும் பதின்வயதினரும் இறந்த சம்பவங்களை சிடிசி என்ற அரசு சுகாதார அமைப்பு ஆராய்ந்து 2023இல் வெளியிட்டது. 2003 முதல் 2021 வரை அதன் கணக்கில் வந்தவை 1,262. விவரம் தெரிந்த சம்பவங்களில் ஏறக்குறைய முக்கால் பங்கில் துப்பாக்கி தோட்டாவோடு இருந்திருக்கிறது, பூட்டாமலும் இருந்திருக்கிறது. துப்பாக்கி அதிகமாக எடுக்கப்பட்ட இடம் கட்டில் பக்க மேசையும் படுக்கையைச் சுற்றிய இடங்களும்தான்: 30 சதவீதம்.

இதற்கு மருத்துவர்கள் சொல்வது, தோட்டாவை எடுத்துவிட்டுத் துப்பாக்கியை ஓரிடத்திலும் தோட்டாவை வேறிடத்திலும் பூட்டி வையுங்கள் என்பது. சரியான யோசனைதான். ஆனால் நள்ளிரவில் கண்ணாடி உடையும் சத்தத்தை மனத்தில் வைத்துத் துப்பாக்கி வாங்கியவர் காதில் அது ஏறாது. அவரைப் பூட்ட வைக்க வேண்டுமானால், பூட்டியதை இரண்டு மூன்று விநாடியில் இருட்டிலேயே திறக்கலாம் என்ற உறுதியைக் கொடுத்தாக வேண்டும். ஆகவே இந்தப் பெட்டிகளில் வேகம் என்பது ஆடம்பரமில்லை. திறக்கத் தொல்லை தரும் பெட்டி ஒரு மாதத்தில் திறந்தே கிடக்கும். அப்புறம் அது இருப்பதும் ஒன்றுதான், இல்லாததும் ஒன்றுதான்.

சிக்கல் விலையில் இருக்கிறது. உரிமையாளருக்கு உடனே திறக்க வேண்டும், நாலு வயதுப் பிள்ளைக்குத் திறக்கவே கூடாது. இந்த இரண்டையும் ஒரே பூட்டு செய்வதற்குக் காசு ஆகும். நாற்பது, ஐம்பது டாலருக்கு இணையத்தில் கிடைக்கும் பெட்டிகள் பார்வைக்குப் பளபளவென்று இருக்கும். நீல விளக்கு எரியும். சிக்கனம் எங்கே பிடிக்கப்பட்டிருக்கிறது என்பது உள்ளே, தாழ்ப்பாளில் இருக்கும்.

மலிவான மின்பூட்டுகள் பலவற்றில் தாழ்ப்பாளை விடுவிப்பது சோலினாய்டு என்ற சின்னப் பாகம். கம்பிச் சுருளுக்குள் ஓர் இரும்புத் தண்டு. அதைத் தள்ளிப் பிடித்திருக்கும் ஒரு ஸ்பிரிங், பால்பாயின்ட் பேனாவில் இருப்பதைப் போல. சரியான எண்ணை அழுத்தினால் மின்சாரம் பாய்ந்து தண்டு பின்னால் போகும், கதவு திறக்கும். ஆனால் பெட்டியை ஓங்கித் தட்டினாலோ கொஞ்சம் தூக்கிக் கீழே போட்டாலோ அந்த அதிர்ச்சியிலும் தண்டு ஒரு கணம் பின்னால் போகும். அந்தக் கணம் போதும். பூட்டுகளை உடைத்துப் பார்ப்பதையே தொழிலாக வைத்திருக்கும் வழக்கறிஞர் மார்க் வெபர் டோபையஸ் 2012இல் இதை அம்பலப்படுத்தினார். போர்ப்ஸ் இதழில் எழுதினார். பிரபலமான பெட்டிகள் சிலவற்றை ஒரு மூன்று வயதுக் குழந்தையே திறப்பதைப் படமெடுத்துக் காட்டினார். எண்ணை மாற்றுவதற்கான பொத்தானை வெளித்துளை வழியாகக் கம்பி விட்டு அழுத்த முடிந்த பெட்டிகளும் அதில் உண்டு. பத்து வருஷத்துக்கும் மேல் ஆகிவிட்டதே, இன்னுமா இப்படிச் செய்கிறார்கள் என்று கேட்கலாம். விலை மலிவான பெட்டி என்றால் அந்தச் சந்தேகத்தோடேயே கையில் எடுப்பது நல்லது.

சின்ன மோட்டார் வைத்துத் தாழ்ப்பாளை நகர்த்தும் பெட்டிகளும் இருக்கின்றன. மோட்டாரைத் தட்டித் திருப்ப முடியாது என்பதால் இந்தத் தொல்லை அவற்றில் குறைவு. விலை சற்றுக் கூடுதல்.

அடுத்தது கைரேகை. விரலை வைத்தால் திறக்கும் என்பதைப் போல விற்பனைக்கு உகந்த வாக்கியம் வேறில்லை. ஆனால் 2023 அக்டோபரில் அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம், ஃபோர்ட்ரஸ் நிறுவனத்தின் சுமார் 61,000 கைரேகைப் பெட்டிகளைத் திரும்பப் பெறும் அறிவிப்பை வெளியிட்டது. பதிவே செய்யாத விரல்களுக்கும் பெட்டி திறந்ததாக 39 புகார்கள். அப்படி ஒரு பெட்டியிலிருந்து எடுக்கப்பட்ட துப்பாக்கியால் 12 வயதுச் சிறுவன் ஒருவன் இறந்ததாக ஒரு வழக்கு. அவற்றின் விலை 44 டாலரிலிருந்து 290 டாலர் வரை, ஆகவே விலை கொடுத்தவர்களும் தப்பவில்லை. 2024 பிப்ரவரியில் வேறு சில நிறுவனங்களின் பெட்டிகள், எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்துக்கும் மேல், இதே கோளாறுக்காகத் திரும்பப் பெறப்பட்டன.

கோளாறின் விதம் கவனிக்கத் தக்கது. கைரேகை எதையும் பதியாத நிலையில் பெட்டி எந்த விரலுக்கும் திறக்கும்படி அமைக்கப்பட்டிருந்தது. வாங்கியவர் பதிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டார், பெட்டி பதிந்துகொள்ளவில்லை. அவர் விரலை வைத்தால் ஒவ்வொரு முறையும் திறக்கிறது, எப்படிச் சந்தேகம் வரும்? தன் விரலுக்குத் திறக்கிறதா என்று எல்லோரும் பார்க்கிறார்கள். மனைவியின் விரலுக்கு, மகனின் விரலுக்குத் திறக்காமல் இருக்கிறதா என்று பார்ப்பவர் குறைவு. இதன் மறுபக்கமும் உண்டு: வியர்த்த விரல், ஈர விரல், காயம்பட்ட விரல். மலிவான வாசிப்பான் இவற்றையெல்லாம் மறுத்துவிடும். நள்ளிரவில் பதறி எழுந்தவனின் விரல் வியர்க்காமல் வேறென்ன செய்யும்?

கையிருப்பு நூறு டாலர்தான் என்றால் கைரேகையை மறந்துவிடலாம் என்பது என் கட்சி. பொத்தான் போதும். விரல் பதியும்படி பள்ளம் வைத்து நான்கைந்து பொத்தான்கள் கொண்ட பெட்டிகள் இந்த விலையை ஒட்டிக் கிடைக்கின்றன. இருட்டில் கை தானே போய் உட்காரும். ஒரு வாரம் தினம் பத்து முறை வெறும் பெட்டியைத் திறந்து மூடினால், ஸ்காலியா கேட்ட விளக்கும் வேண்டாம், ராபர்ட்ஸ் கேட்ட கண்ணாடியும் வேண்டாம்.

இருநூறிலிருந்து முந்நூறு டாலர் வரை போக முடிந்தவருக்கு இன்னும் நல்ல வழி, பேட்டரியே இல்லாத இயந்திரப் பொத்தான் பூட்டு. அலுவலகக் கதவுகளில் பல்லாண்டுகளாக இருக்கும் சிம்ப்ளெக்ஸ் வகை இது. ஐந்து பொத்தான், ஒரு குமிழ். தனித்தனியாகவோ ஒன்றுக்கு மேற்பட்டதைச் சேர்த்தோ அழுத்தலாம். ஃபோர்ட் நாக்ஸ், வி-லைன் போன்றவர்கள் இதை வைத்துப் பெட்டி செய்கிறார்கள். மொத்த எண் சேர்க்கைகள் ஆயிரத்துக்குச் சற்று மேல்தான். ஒரு பகல் முழுக்கப் பொறுமையாக உட்கார்ந்து முயல்பவனுக்கு அது தடையே இல்லை. தவறாக அழுத்தினால் கத்தவும் செய்யாது. ஆனால் பத்து வருஷம் கழித்தும் அதே வேகத்தில் திறக்கும். பெட்டி வாங்குபவர்கள் முதலில் மறப்பது பேட்டரியை என்பதால், அது இல்லாததே பெரிய வசதி.

கைப்பட்டையையோ சாவிக்கொத்து வில்லையையோ காட்டினால் திறக்கும் பெட்டிகளும் உண்டு. ஹோர்னடி நிறுவனத்தினுடையது பெயர் பெற்றது. வேகம் அபாரம். அந்தக் கைப்பட்டையைக் கழற்றி அதே மேசைமேல் வைத்துவிட்டுத் தூங்குகிறவருக்கு அதனால் பயனில்லை. இதே கதைதான் அவசரச் சாவிக்கும். பெட்டியோடு வரும் இரண்டு சாவிகளும் கட்டில் இழுப்பறையிலேயே கிடக்கும் வீடுகள் எத்தனையோ.

தகட்டின் கனத்தைப் பற்றி விளம்பரங்கள் நிறையப் பேசும். கேஜ் எண் குறையக் குறையத் தகடு கனமாகும். 16 கேஜ் சுமார் ஒன்றரை மில்லிமீட்டர், 10 கேஜ் மூன்றைத் தாண்டும். இந்தச் சின்னப் பெட்டி எதுவும் கடப்பாரைக்குத் தாங்காது. திருடன் அங்கேயே உட்கார்ந்து அதைத் திறக்கப் போவதுமில்லை, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய்விடுவான். ஆகவே கனத்துக்குக் கூடுதலாகக் கொடுக்கும் இருபது டாலரைவிட, பெட்டியை மேசைச் சட்டத்தில் போல்ட் போட்டு முடுக்குவது மேல். அப்படி முடுக்கிவிட்டால் தூக்கிப் போட்டுத் திறக்கும் வித்தையும் பலிக்காது. வாடகை வீட்டில் துளை போட முடியாதவர்கள் எஃகு வடத்தால் கட்டில் காலில் கட்டுகிறார்கள். ஒன்றுமில்லாததற்கு அது பரவாயில்லை.

வாங்கி வந்ததும் துப்பாக்கியை உள்ளே வைக்காதீர்கள். அதே எடையில் வேறெதையாவது வைத்துப் பூட்டி, ஓங்கித் தட்டுங்கள், புரட்டுங்கள், ஒரு சாண் உயரத்திலிருந்து மரத்தரையில் போடுங்கள். கைரேகைப் பெட்டியாக இருந்தால் வீட்டிலுள்ள எல்லோருடைய பத்து விரலையும் வைத்துப் பாருங்கள். திறந்தால் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பணத்தை வாங்குங்கள். கடைக்காரர் சொல்லும் சான்றிதழ்களில் கலிபோர்னியா நீதித்துறையின் அங்கீகாரப் பட்டியல் பார்க்கத் தக்கது; ஆனாலும் இந்தப் பரீட்சைக்கு அது ஈடில்லை.

பிறகு எண்ணை மாற்ற வேண்டும். இது சொல்லித் தெரிய வேண்டியதா என்று தோன்றும். 2021 நவம்பர் 30 அன்று மிச்சிகன் மாநிலத்தில் ஆக்ஸ்ஃபோர்டு உயர்நிலைப் பள்ளியில் 15 வயது மாணவன் சுட்டு நான்கு மாணவர்கள் இறந்தார்கள். பெற்றோர்மீது நடந்த வழக்கில் வெளிவந்த விவரம்: அந்த வீட்டில் வேறு துப்பாக்கிகள் இருந்த பெட்டியின் எண் 0-0-0, தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே. கொலைக்கருவியோடு வந்த வடப்பூட்டு பிரிக்காத உறையிலேயே கிடந்தது. தாய், தந்தை இருவருக்கும் 2024இல் பத்து முதல் பதினைந்து ஆண்டு சிறை. பிள்ளைகள் இருக்கக்கூடிய இடத்தில் துப்பாக்கியைப் பூட்டி வைப்பதைக் கட்டாயமாக்கும் சட்டம் அந்த ஆண்டு பிப்ரவரியில் மிச்சிகனில் அமலுக்கு வந்தது.

பதின்வயதுப் பிள்ளை உள்ள வீட்டில் கணக்கே வேறு. அவர்களைத் தடுக்க வேண்டியது தாழ்ப்பாள் மட்டுமில்லை. அப்பா எண்ணை அழுத்தும்போது எட்டிப் பார்க்கத் தெரிந்த வயது அது; பிறந்த வருஷம், வீட்டு எண் எல்லாம் முதல் முயற்சியிலேயே போய்விடும். 2021இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்த 48,830 பேரில் பாதிக்கும் மேல் தற்கொலை. வீட்டில் யாராவது மனம் உடைந்திருக்கும் காலத்தில் எந்தப் பெட்டியையும் நம்பாமல், துப்பாக்கியையே வீட்டை விட்டு வெளியேற்றுவதுதான் முறை.

காசு விஷயத்தில் சில மாநிலங்கள் கை கொடுக்கின்றன. வாஷிங்டன் மாநிலத்தில் துப்பாக்கிப் பெட்டகத்துக்கு விற்பனை வரி இல்லை. வர்ஜீனியாவில் உரிமம் பெற்ற கடையில் வாங்கினால் 300 டாலர் வரை வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம். அதாவது மேலே சொன்ன சிம்ப்ளெக்ஸ் பெட்டியே கிட்டத்தட்ட இலவசம்.

அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்களுக்கு இதில் என்ன என்று கேட்டால், இரண்டு இருக்கிறது. எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள், வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் இருந்தாலொழிய, துப்பாக்கி வைத்திருப்பது கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். கிரீன் கார்டு வந்தவர்களுக்கு அந்தத் தடை இல்லை. சொந்தமாக வாங்காதவர்களுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்; அவர்கள் விளையாடப் போகும் வீடுகளில் தலைமாட்டு மேசைகள் இருக்கின்றன. பிள்ளையை அனுப்பும் முன், உங்கள் வீட்டில் பூட்டாத துப்பாக்கி இருக்கிறதா என்று கேளுங்கள் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறது. ஜூன் 21ஐ இதற்காகவே ஒரு நாளாக வைத்திருக்கிறார்கள். நமக்குக் கேட்கக் கூச்சம். வேர்க்கடலை ஒவ்வாமையைப் பற்றிச் சொல்லும்போது கூடவே கேட்டுவிடுகிறார் டெக்சாஸில் இருக்கும் தோழி ஒருவர். யாரும் இதுவரை அவரைத் தப்பாக எடுத்துக்கொண்டதில்லையாம். பெட்டியில்தான் இருக்கிறது என்று பதில் வந்தால், கைரேகையா பொத்தானா என்று அடுத்த கேள்வியையும் போடலாம். கைரேகை என்றால், அந்த மாடல் திரும்பப் பெறும் பட்டியலில் இருக்கிறதா என்று நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் இணையதளத்தில் பார்த்துச் சொல்ல ஒரு நிமிடம் ஆகாது. இருந்தால் பேட்டரியைக் கழற்றிவிட்டு, மாற்றுப் பெட்டி வரும்வரை சாவியால் மட்டுமே திறக்க வேண்டும் என்பது அந்த அறிவிப்பிலேயே இருக்கிறது.