கைக்குப் புலப்படும் கதவு

திருப்பூரின் பின்னலாடைக் கூடம் ஒன்றனுள் நுழைவோரின் செவியில் முதலில் விழுவது தையல் எந்திரங்களின் ஓசை. சற்று நின்று நோக்கினால் வேறு சிலவும் கண்ணில் படும்: சுவரில் ‘அவசர வழி’ என்னும் பச்சைப் பலகை, தரையில் மஞ்சள் கோடிட்டு ஒதுக்கிய நடைவழி, அதன் முடிவில் வெளிப்புறமாகத் திறக்கும் கதவு. பஞ்சுத் துகளும் துணிக் குவியலும் எளிதில் தீப்பற்றுவன. ஆகவே, வெளிநாட்டுக் கொள்முதலாளர்கள் பனியனின் தரத்தோடு இக்கதவையும் ஆய்வு செய்கின்றனர்.

இக்கவனத்திற்குப் பின்னால் ஒரு துயரம் உண்டு. 1911 மார்ச் 25 அன்று நியூயார்க்கின் டிரையாங்கிள் ஆடைத் தொழிற்சாலை தீப்பற்றியபோது, வெளியேறும் கதவொன்று பூட்டப்பட்டிருந்தது. 146 தொழிலாளர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் இளம்பெண்கள். ஆள் உள்ளே இருக்கையில், எளிதில் திறக்க இயலாதவாறு வெளியேறும் கதவைப் பூட்டலாகாது என்று நம் நாட்டின் தொழிற்சாலைகள் சட்டமும் 1948இல் இயற்றப்பட்டபோதே விதித்தது.

ஆலைகள் கற்ற இப்பாடத்தை மகிழுந்து உலகம் இப்போதுதான் படிக்கத் தொடங்கியிருக்கிறது. அவிநாசி சாலையில் விரையும் புதிய மின்மகிழுந்துகள் சிலவற்றில் கைப்பிடியே தெரிவதில்லை. கதவின் பரப்போடு பரப்பாக அது படிந்திருக்கிறது. செங்கல்பட்டு அருகிலுள்ள மகிந்திரா ஆய்வு மையத்தில் உருவாகி, 2024 நவம்பர் 26 அன்று சென்னையில் அறிமுகமான பிஇ 6, எக்ஸ்இவி 9இ ஆகிய வண்டிகள் இவ்வகையின. அதே காலத்தில் திருப்பெரும்புதூரில் உருவாகும் ஹூண்டாய் கிரெட்டா மின்மகிழுந்தோ பழைய கைப்பிடியையே வைத்துக்கொண்டது.

கைப்பிடியை ஏன் மறைக்க வேண்டும்? காற்றின் தடைவிசை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்கிறது. வேகம் இரட்டித்தால் தடை நான்கு மடங்காகும். துருத்தி நிற்கும் எதனையும் மட்டப்படுத்தினால் மின்கலத்தின் ஆற்றல் சிறிது மிஞ்சும். எனினும், கைப்பிடியால் கிட்டும் மிச்சம் மிகச் சிறியது. நகர நெரிசலில் அது கணக்கிலேயே வராது. உண்மையில் தோற்றக் கவர்ச்சியே பெரிய காரணம் எனலாம்.

மறைந்திருப்பது மட்டுமே குறையன்று. ஒரு முனையைக் கட்டைவிரலால் அழுத்தினால் மறுமுனை வெளிவரும் எளிய கைப்பிடிகளும் உண்டு. அவற்றுக்கு மின்சாரம் தேவையில்லை. சிக்கல் மின்தாழ்ப்பாளில் இருக்கிறது. அங்கே கை இழுப்பது தாழ்ப்பாளை அன்று, ஒரு சிறு மின்விசையை. அது கட்டுப்பாட்டுக் கருவிக்குக் குறிப்பு அனுப்ப, மோட்டார் தாழ்ப்பாளை விடுவிக்கிறது. இதற்கான மின்சாரம் வண்டியை ஓட்டும் பெரிய மின்கலத்திலிருந்து நேரே வருவதில்லை. 12 வோல்ட் துணை மின்கலமே அதைத் தருகிறது. பெரிய மின்கலம் நிறைந்திருந்தும், துணை மின்கலம் தளர்ந்தால் கதவு அசையாது.

2025 செப்டம்பரில் அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அமைப்பு, டெஸ்லா மாடல் ஒய் வண்டிகளின் 2021ஆம் ஆண்டு மாதிரியை இக்காரணத்திற்காகவே விசாரிக்கத் தொடங்கியது. இறங்கிய பெற்றோரால் பின்கதவைத் திறந்து குழந்தையை எடுக்க இயலவில்லை. சிலர் கண்ணாடியை உடைத்தனர். உள்ளே கையால் இழுத்துத் திறக்கும் அமைப்பு இருந்தாலும், இருக்கையில் வாரிட்டுக் கட்டப்பட்ட குழந்தை அதை எப்படி இழுக்கும்? விபத்தில் மயங்கியவர் நிலையும் அதுவே. அவரைக் காப்பாற்ற ஓடிவரும் வழிப்போக்கர் அவ்வண்டியை முன்பின் கண்டிராதவராகவும் இருக்கலாம். அவர் கைக்குக் கதவின் வடிவமே வழி சொல்ல வேண்டும். இதனை உணர்ந்த சீன அரசு, மின்சாரம் அற்ற நிலையிலும் உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் கதவு இயந்திர முறையில் திறக்க வேண்டும் என விதி வகுத்துள்ளது. 2027 சனவரி 1 முதல் அது நடைமுறைக்கு வருகிறது.

பின்னலாடை ஆலைகளில் அவ்வப்போது அபாய மணி ஒலிக்கச் செய்து, தொழிலாளர் அனைவரையும் அவசர வழியாக நடத்திப் பழக்குகின்றனர். வண்டி வாங்கிய வீட்டில் அவ்வழக்கம் அரிது. கதவை விடுவிக்கும் இழுகம்பி சில வண்டிகளில் பக்கப் பையின் அடிவிரிப்புக்குக் கீழே கிடக்கும். அதைச் சொல்லும் பக்கம் கையேட்டின் நடுவில் எங்கோ இருக்கும். பின்னிருக்கையில் அமரும் பாட்டிக்கு அதை யாரும் எடுத்துக் காட்டியிருக்க மாட்டார்கள்.