‘நீங்க போயிட்டு வாங்க, நான் இங்கேயே உக்காந்திருக்கேன்!’ - அம்மாவோடு ஸ்காட்லாந்து நகரங்களில் ஒரு வாரம்

குடும்பத்தோடு சுற்றுலா போன எல்லோருக்கும் இந்த வசனம் பழக்கமானதுதான். கொடைக்கானலோ, குற்றாலமோ, எங்கே போனாலும் ஒரு கட்டத்தில் அம்மா ஓர் இடம் பார்த்து உட்கார்ந்துவிடுவார். “நீங்க போயிட்டு வாங்க. நான் பையைப் பாத்துக்கிட்டு இங்கேயே உக்காந்திருக்கேன்” என்பார். நாமும் பையைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவோம்.

போன ஜூன் மாதம் எடின்பரோ நகரத்தில் என் அம்மாவும் இதையே சொன்னார். நாங்களும் போனோம். சரியாக மதியம் 1 மணிக்கு ஒரு பீரங்கி வெடித்தது. எங்கள் பயணம் மாறியது அந்த வெடிச் சத்தத்தில்தான்.

முதலில் எங்கள் டீமைச் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு 61 வயது. மதுரையில் 30 வருடம் தையல் மெஷின் மிதித்தவர், இப்போது முழங்கால் வலி. கிளாஸ்கோவில் படித்து, அங்கேயே வேலையில் இருக்கும் அக்கா. முட்டைகூடச் சாப்பிடாத என் கல்லூரித் தோழி. நான்காவது ஆள், எந்த ஊரில் எத்தனை மணிக்கு என்ன பார்க்க வேண்டும் என்று பட்டியல் போட்டு வைத்திருந்த நான்.

104 படிகளும் ஒரு பீரங்கியும்

எடின்பரோவின் வேவர்லி ரயில் நிலையம் ஒரு பள்ளத்தில் இருக்கிறது. ஒரு பக்க மேட்டில் பழைய நகரம், மறு பக்கம் புதிய நகரம். இரண்டும் சேர்ந்து 1995-ல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றன. போனில் இருந்த மேப், பழைய நகரத்துக்கு நாலு நிமிட நடைதான் என்றது. அது தூரத்தைச் சொன்னது, உயரத்தைச் சொல்லவில்லை.

அந்த வழியின் பெயர் ஸ்காட்ஸ்மேன் ஸ்டெப்ஸ். மொத்தம் 104 படிகள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு வகைப் பளிங்குக்கல். மார்ட்டின் கிரீட் என்ற கலைஞரின் படைப்பு அது. நானும் தோழியும் படிக்குப் படி போட்டோ எடுத்துக்கொண்டே ஏறினோம். அம்மா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தார். மேலே வந்ததும் அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். நான் பார்த்தது வாட்ச்சை.

கோட்டையிலிருந்து ஹோலிரூட் அரண்மனை வரை நீளும் கல் பாவிய தெருவுக்கு ராயல் மைல் என்று பெயர். அதில் கோட்டை இருக்கும் பக்கம் முழுக்க ஏற்றம். செயின்ட் ஜைல்ஸ் கதீட்ரல் பக்கம் வந்தபோது அம்மா உட்கார்ந்துவிட்டார். மேலே சொன்ன வசனத்தையும் சொன்னார். மூன்று பேரும் பைகளைக் கொடுத்துவிட்டுக் கோட்டைக்கு ஓடினோம்.

கோட்டையில் 1861 முதல் தினமும் மதியம் 1 மணிக்கு பீரங்கி சுடுகிறார்கள். ஞாயிறு, புனித வெள்ளி, கிறிஸ்துமஸ் மட்டும் விடுமுறை. அந்தக் காலத்தில் லீத் துறைமுகக் கப்பல்கள் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்வதற்காக ஆரம்பித்த வழக்கம். சத்தம் கேட்டால் வெளியூர்க்காரர் குதிப்பார், உள்ளூர்க்காரர் வாட்ச்சைப் பார்ப்பார் என்று அங்கே வேடிக்கையாகச் சொல்வார்கள்.

நாங்கள் வீடியோ எடுத்துவிட்டு, சாவகாசமாக அரை மணி நேரம் கழித்து இறங்கி வந்தோம். உட்காரவைத்த இடத்தில் அம்மா இல்லை. நடுத்தெருவில், நான்கு பைகளையும் தூக்கிக்கொண்டு, கோட்டையைப் பார்த்தபடி நின்றிருந்தார்.

“என்னடி வெடிச்சுது? அந்தப் பக்கம்தானே நீங்க போனீங்க?”

அவர் போனில் சிம் இல்லை. ‘அம்மா நம்மகூடத்தானே இருக்கப்போறாங்க, எதுக்குத் தனியா?’ என்று மிச்சம் பிடித்தது நான்தான். அரை மணி நேரமாக யாரிடம் என்ன கேட்பது என்று தெரியாமல் நின்றிருக்கிறார். எங்கள் யாருக்கும் பேச்சு வரவில்லை.

‘இதுக்கு அம்மா யாரு?’

அன்று இரவு ஒன்பதரை மணி. ஜன்னலுக்கு வெளியே நல்ல வெயில். “இன்னும் விளக்கு வைக்கிற நேரமே வரலையே” என்று அம்மா ஆச்சர்யப்பட்டுக்கொண்டிருந்தார். அக்கா என் பட்டியலை வாங்கி மடித்து வைத்தாள். “இனிமே தினமும் முதல் இடத்தை அம்மா சொல்லட்டும். அவங்களால வர முடியாத இடத்துக்கு, அவங்க எந்திரிக்கிறதுக்கு முன்னாடி போயிட்டு வந்துடுங்க” என்றாள். எனக்காக எதுக்கு என்று அம்மா மறுத்தார். யாரும் கேட்கவில்லை.

ஜூனில் அங்கே நாலரை மணிக்கே விடிந்துவிடுகிறது. நானும் தோழியும் அதிகாலையில் ஆர்தர்ஸ் சீட் குன்றில் ஏறினோம். பழைய எரிமலையான அதன் உயரம் 251 மீட்டர். அம்மா கண் விழித்தபோது கையில் டீயோடு நின்றோம்.

அம்மா கேட்டது, “மழை பெஞ்சாலும் நனையாத இடம்”. அக்கா அழைத்துப்போனது, ஸ்காட்லாந்து தேசிய அருங்காட்சியகத்துக்கு. அனுமதி இலவசம், லிஃப்ட் உண்டு, உட்கார இடமும் நிறைய. குளோனிங்கில் பிறந்த டாலி ஆட்டைப் பாடம் செய்து அங்கே வைத்திருக்கிறார்கள். 1996-ல் எடின்பரோவுக்கு அருகில் உள்ள ராஸ்லின் ஆய்வு நிறுவனத்தில் பிறந்த ஆடு. நான் விளக்கி முடித்ததும் அம்மா கேட்ட ஒரே கேள்வி: “அப்போ இதுக்கு அம்மா யாரு?”

பதில் சொல்லத் திணறினேன். செல் கொடுத்தது ஓர் ஆடு, கருமுட்டை கொடுத்தது இன்னொன்று, சுமந்து பெற்றது மூன்றாவது. “மூணு அம்மாவா? அதுவும் யாரையாவது பையைப் பாத்துக்கச் சொல்லிட்டுப் போயிருக்குமோ?” என்றார். வலித்தாலும் சிரித்துவிட்டோம்.

கிளாஸ்கோவில் ஆட்டுக்கறி

எடின்பரோவிலிருந்து கிளாஸ்கோ ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடுகிறது. ஊருக்குள் நுழைந்ததும் கண்ணில் பட்டது, நவீன கலைக்கூடத்தின் வாசலில் உள்ள வெலிங்டன் பிரபுவின் குதிரைச் சிலை. பிரபுவின் தலையில் சாலைகளில் வைக்கும் ஆரஞ்சு கோன். யாரோ இரவில் வைத்துவிட்டுப் போவதும், எடுக்க எடுக்கத் திரும்பி வருவதும் பல வருடக் கதை. இதே கிளாஸ்கோவில் 1761-ல் பிறந்தவர்தான் நம் சென்னை தீவுத்திடல் அருகே குதிரையில் அமர்ந்திருக்கும் தாமஸ் மன்றோ. “அவரு தலையில நாம எதையும் வைக்கலைப்பா” என்றார் அம்மா.

மதிய உணவு, ஹேகிஸ். ஆட்டின் இதயம், ஈரல், நுரையீரலைப் பொடியாகக் கொத்தி, ஓட்ஸ், வெங்காயம், கொழுப்பு, மிளகு சேர்த்து ஆட்டின் இரைப்பைக்குள் அடைத்து வேகவைப்பது பழைய முறை. பக்கத்தில் மசித்த டர்னிப்பும் உருளைக்கிழங்கும். வெளிநாட்டவர் பலர் முகம் சுளிக்கும் தட்டு அது. அம்மா ஒரு வாய் வைத்தார். “மிளகு தூக்கலா இருக்கு. ஆட்டுல நம்ம ஊர்ல எதை வீணாக்குறோம்? இங்கேயும் எதையும் விடலை. கஷ்டப்பட்ட ஜனங்க கண்டுபிடிச்ச சாப்பாடுதான் இது” என்று முழுத் தட்டையும் முடித்தார்.

தோழிக்குக் கிடைத்தது சைவ ஹேகிஸ். பருப்பு, பீன்ஸ், ஓட்ஸ், காய்கறி சேர்ந்தது. 1980-களிலிருந்தே அங்கே விற்பனையில் இருக்கிறது. “ஆன்ட்டி, நானும் ஹேகிஸ் சாப்பிட்டேன்னு ஊர்ல சொல்லிக்கலாம்” என்று அவளுக்கு ஒரே சந்தோஷம். இனிப்புக்கு டேப்லெட். சர்க்கரை, வெண்ணெய், கண்டென்ஸ்டு மில்க் காய்ச்சிய வில்லை. பால்கோவாவைக் கெட்டியாக்கித் துண்டு போட்டதுபோல வாயில் பொடிந்து கரைகிறது.

மறுநாள் கெல்விங்ரோவ் அருங்காட்சியகம். 1901-ல் திறக்கப்பட்டது, இதுவும் இலவசம். ஒரு பக்கம் சால்வதோர் டாலியின் ஓவியம், இன்னொரு பக்கம் கூரையில் தொங்கும் போர் விமானம். நடுக்கூடத்தில் மாடி உயரத்துக்கு ஒரு பைப் ஆர்கன். மதியம் 1 மணிக்கு அதில் வாசிப்பார்கள் என்று அக்கா சொல்லியிருந்தாள். நாலு பேரும் ஒரே வரிசையில் உட்கார்ந்தோம். 1 மணிக்கு முதல் நாதம் அதிர்ந்தபோது அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். இந்த முறை அவர் பக்கத்தில் நான் இருந்தேன்.

டீ போட்ட ஆண்கள்

கடைசியாகப் போனது டண்டீ. கிளாஸ்கோவிலிருந்து சுமார் ஒன்றரை மணி நேர ரயில் பயணம். வங்காளத்திலிருந்து கப்பலில் வந்த சணலை நெய்து வளர்ந்த நகரம் இது. பழைய சணல் ஆலை ஒன்றை வெர்டன்ட் வொர்க்ஸ் என்ற அருங்காட்சியகமாக மாற்றியிருக்கிறார்கள்.

ஆலைகளில் பெண்களுக்குக் குறைந்த கூலி கொடுத்தால் போதும் என்பதால் அவர்களையே அதிகம் வேலைக்கு எடுத்திருக்கிறார்கள். பெண்கள் சம்பாதிக்க, வேலை கிடைக்காத ஆண்கள் வீட்டையும் பிள்ளைகளையும் கவனித்தார்கள். அந்த ஆண்களுக்கு ஊர் வைத்த கேலிப்பெயர், ‘கெட்டிலில் வெந்நீர் வைப்பவர்கள்’.

அம்மா அந்த விளக்கப் பலகை முன்னால் ரொம்ப நேரம் நின்றார். நான் மொழிபெயர்த்ததும் மெதுவாகச் சொன்னார்: “உங்கப்பாவுக்கு வேலை போனப்ப ரெண்டு வருஷம் அவருதான் டீ போட்டு மெஷின் பக்கத்துல கொண்டுவந்து வைப்பாரு. சொந்தக்காரங்க சிரிச்சாங்க. அவரு நிறுத்தலை.”

எனக்கும் அக்காவுக்கும் அது தெரியாது. அப்போது நாங்கள் ரொம்பச் சின்னப் பிள்ளைகள். என் பழைய பட்டியலில் டண்டீயே இல்லை. ‘தறி, துணி ஏதாவது பாக்கலாமா’ என்று அம்மா கேட்டதால்தான் வந்தோம். மேலே பாதாம் அடுக்கிய டண்டீ கேக்கை வாங்கி, டீயில் தொட்டுத் தொட்டு அப்பா கதையாகவே அன்று சாயங்காலம் போனது.

பெரியவர்களோடு போகிறீர்களா?

* மேப் காட்டும் நிமிடங்களை நம்பாதீர்கள். எடின்பரோவில் படியா, ஏற்றமா என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.
* எடின்பரோ கோட்டையில், நடக்கச் சிரமப்படுபவர்களை மேலே அழைத்துச் செல்ல வாகன வசதி உண்டு. முன்கூட்டியே விசாரியுங்கள். நாங்கள் விசாரிக்கவில்லை.
* ஜூனிலும் ஸ்வெட்டர் வேண்டும். காற்றில் குடை நிற்காது, மழை ஜாக்கெட்தான் சரி.
* டண்டீ - எடின்பரோ ரயில், டே பாலத்தையும் 1890-ல் திறந்த ஃபோர்த் பாலத்தையும் கடக்கும். உட்கார்ந்தபடியே பார்க்கலாம்.
* ஒவ்வொருவர் போனிலும் சிம் இருக்கட்டும்.

ஊர் திரும்பிய அன்று அம்மா சித்திக்கு போன் போட்டார். கோட்டை, அரண்மனை எதுவும் அந்தப் பேச்சில் வரவில்லை. “பீரங்கி வெடிச்சுதுடி! இவளுக மூணு பேரும் பேயறைஞ்ச மாதிரி நிக்கிறாளுக. நான் கொஞ்சம்கூடப் பயப்படலையே!” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

பக்கத்தில் இருந்த நான் எதையும் திருத்தவில்லை.