கால் அங்குலக் கணக்கு: துண்டுத்துணித் தையலில் அளவு பிசகாதிருக்க

வன்னியில் துண்டுத்துணிகளைப் பொருத்தித் தைப்பது புதிதாக வந்த கைத்தொழில் அல்ல. ஏணை கட்டிய பழஞ்சேலையில் மிஞ்சியதைக் கொண்டு பிள்ளைக்கு விரிப்பும், கிழிந்த சாரத்தின் நல்ல பாகத்தில் தலையணை உறையும் தைத்துக் கொடுத்த ஆச்சிமார் எல்லா ஊர்களிலும் இருந்தார்கள். 1996இல் கிளிநொச்சியை விட்டு இடம்பெயர்ந்தபோதும், 2009இல் செட்டிகுளம் முகாம்களில் அடைபட்டிருந்தபோதும் சேலைத் துண்டுகளே மறைப்பாகவும் விரிப்பாகவும் தொட்டிலாகவும் உதவின. அன்று தைத்தவை தேவைக்குத் தைக்கப்பட்டவை. ஒரு பக்கம் நீண்டும் மறுபக்கம் குறைந்தும் இருந்தால் அதைக் குறையாகச் சொல்ல யாரும் இருக்கவில்லை.

விற்பனைக்குத் தைக்கும்போது நிலைமை வேறு. கிலோக் கணக்கில் வாங்கும் வெட்டுத்துண்டுகளைக் கொண்டு கட்டில் விரிப்பு, மேசை விரிப்பு, கைப்பை, கால்மிதி என்று தைக்கும் சகோதரிகள் பலர் இன்று எமது கிராமங்களில் உள்ளனர். அவர்களில் கணிசமானோர் குடும்பத்தைத் தனியாகத் தாங்குபவர்கள். மெசினைத் தவணைக் கடனில் வாங்கியவர்களும் உண்டு. நுண்கடனால் பெண்கள் பட்ட பாடு யாவரும் அறிந்தது. வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக 2018இல் அரசு அறிவிக்கும் அளவுக்கு அது போயிற்று. இந்த நிலையில், பத்து நாள் இருந்து தைத்த விரிப்பை "மூலை பொருந்தவில்லை" என்று வாங்குபவர் திருப்பிக் கொடுத்தால், துணிக்காசும் போய் அந்த மாதத் தவணையும் போய்விடும். மூலை பொருந்தாமைக்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான் இருக்கிறது. தையலுக்கென்று ஓரத்தில் விடும் துணி எல்லா இடத்திலும் ஒரே அளவாக இல்லை.

உடுப்புத் தைப்பவர்கள் இதைச் சாதாரணமாகப் பெரிதுபடுத்துவதில்லை. சட்டையின் பக்கத் தையலில் சிறிது கூடினாலும் குறைந்தாலும் உடம்பு அதை ஏற்றுக்கொள்ளும். சட்டைக்கு நாலைந்து நெடுந்தையல்தான் உண்டு. விரிப்பிலோ ஒரு வரிசையிலேயே பத்துப் பன்னிரண்டு தையல்கள் வருகின்றன.

கணக்கைப் பாருங்கள். துண்டுத்துணித் தையலில் உலகில் பல இடங்களிலும் விடப்படும் அளவு கால் அங்குலம். முடிந்த பின் 5 அங்குலச் சதுரம் வேண்டுமானால் 5 1/2 அங்குலமாக வெட்ட வேண்டும். அப்படிப் பன்னிரண்டு துண்டுகளை வரிசையாகப் பொருத்தினால் பதினொரு தையல் விழும். கால் அங்குலத்துக்குப் பதிலாக அதைவிட மாகாணி, அதாவது 1/16 அங்குலம், உள்ளே தள்ளித் தைத்துவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். அது ஒன்றரை மில்லிமீற்றர் சொச்சந்தான். மழுங்கிய சோக்கால் கீறிய கோட்டின் அகலம். ஆனால் ஒரு தையல் இரண்டு துண்டுகளிலும் மாகாணி மாகாணியாகத் தின்கிறது. ஆகவே ஒரு தையலுக்கு அரைக்கால் அங்குலம் குறைகிறது. பதினொரு தையலுக்கு 1 3/8 அங்குலம். மேல் வரிசையை ஒருவர் சரியாகவும் கீழ் வரிசையை இன்னொருவர் இவ்வாறும் தைத்திருந்தால், இரண்டையும் எந்தக் கெட்டிக்காரியாலும் சுருக்கமின்றிச் சேர்க்க முடியாது.

ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்து வீடு திரும்பிய பிள்ளைகள் இதில் விசேடமாகக் கவனிக்க வேண்டும். 2009க்குப் பின் கிளிநொச்சி அறிவியல் நகரிலும் வவுனியாவிலும் ஆடைத் தொழிற்சாலைகள் வந்தன. அங்கு பழகிய கை வேகமும் ஒழுங்கும் பெரிய சொத்து. ஆனால் உடுப்புத் தையலில் ஒரு சென்ரிமீற்றர் விடுவது வழமை. அந்தப் பழக்கத்தோடு 5 1/2 அங்குலத் துண்டை இரு பக்கமும் தைத்தால், ஒவ்வொரு துண்டிலும் ஏழு மில்லிமீற்றருக்கு மேல் குறையும். பன்னிரண்டு துண்டு வரிசையில் எட்டு சென்ரிமீற்றர் போய்விடும். கை நன்றாகத்தான் தைக்கிறது, அளவுதான் வேறு.

வெட்டும்போதே பாதி வேலை

தையலை நேராக்க முன் துணி நேராக இருக்க வேண்டும். பருத்தித் துண்டுகளை முதலில் நனைத்துக் காயவைத்து மினுக்குங்கள். சுருங்க வேண்டியது இப்போதே சுருங்கட்டும். மெல்லிய சோற்றுக் கஞ்சி போட்டு மினுக்கினால் துணி காகிதம்போல் நிற்கும், வெட்டும்போது நழுவாது. சந்தைக்கு வரும் வெட்டுத்துண்டுகளில் இழுபடும் பின்னல் துணியும் கலந்திருக்கும். அதைப் பருத்தியோடு சேர்க்க வேண்டாம். இரண்டும் ஒரே தையலில் ஒன்றாக ஓடாது. அதைக் கால்மிதிக்கு ஒதுக்கிவிடலாம்.

மாதிரி அட்டைக்கு பிஸ்கற் பெட்டி மட்டை போதும் என்று பலர் நினைக்கிறார்கள். இருபது முறை கோடு கீறியதும் அதன் ஓரம் தேய்ந்து சிறுத்துவிடும். கழுவிய பழைய எக்ஸ்ரே படம் நல்லது. தேயாது, அடியில் உள்ள துணியின் இழையும் ஓரளவு தெரியும். தகரத் துண்டு கிடைத்தால் இன்னும் நல்லது. மாதிரியின் ஒரு பக்கம் துணியின் நேர் இழையோடு இருக்க வேண்டும். சாய்வாக வெட்டிய துண்டு கையில் எடுத்தவுடனேயே இழுபட்டு நீளும். சோக்கைக் கூராகத் தீட்டிக் கொள்ளுங்கள். கோட்டின் உட்புறத்தில் வெட்டுங்கள். கோட்டுக்கு வெளியே வெட்டினால் கோட்டின் அகலமும் துண்டோடு சேர்ந்துவிடும். நாலு மடிப்புக்கு மேல் ஒன்றாக வெட்டினால் அடித்துணி வேறு அளவாகும்.

மெசினில் கால் அங்குலம் எங்கே இருக்கிறது?

"பாதத்தின் ஓரத்தோடு துணியைப் பிடித்துத் தைத்தால் கால் அங்குலம்" என்று சொல்லிக் கொடுப்பவர்கள் உண்டு. எல்லா மெசினுக்கும் அது பொருந்தாது. சாதாரண பாதத்தில் ஊசியிலிருந்து வலப்பக்க ஓரம் கால் அங்குலத்தைவிடக் கூடுதலாகவே இருப்பது வழக்கம். புதிய மெசின்களின் ஊசித்தட்டில் கோடுகள் வெட்டப்பட்டிருக்கும். எமது வீடுகளில் உள்ள பழைய கறுப்பு மெசின்கள் பலவற்றில் அவை இல்லை. சிங்கர் நிறுவனம் இலங்கைக்கு வந்தது 1877இல். அம்மம்மா காலத்து மெசின் இன்னும் ஓடுகிறதென்றால் அதில் வியப்பில்லை. 2022 மார்ச் முடிவில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்சாரம் நின்றபோது, காலால் மிதிக்கும் மெசின் வைத்திருந்தவர்களுக்கே வேலை தடைப்படவில்லை. ஆகவே பழைய மெசினைக் குறைவாக எண்ண வேண்டாம். அதற்கு ஒரு அடையாளம் வைத்தால் போதும்.

ஒரு தடித்த காகிதத்தின் வலப்பக்க ஓரத்திலிருந்து கால் அங்குலத்தில், உருக்கு அடிமட்டம் வைத்து நேர்கோடு கீறுங்கள். பழைய துணி நாடா வேண்டாம். நாட்போக்கில் அது நீண்டிருக்கும். நூல் கோர்க்காமல் காகிதத்தைப் பாதத்தின் கீழ் வைத்து, கைச்சில்லை மெதுவாகச் சுற்றி ஊசி சரியாக அந்தக் கோட்டில் இறங்கும்படி செய்யுங்கள். கோடு உங்களை நோக்கி நேராக வரும்படி காகிதத்தைத் திருத்திப் பாதத்தை இறக்குங்கள். இப்போது காகிதத்தின் வலப்பக்க ஓரம் எங்கே நிற்கிறதோ அதுதான் உங்கள் கால் அங்குலம். அந்த ஓரத்தை ஒட்டி, மருந்துக்கடையில் வாங்கும் பிளாஸ்ரரை நாலைந்து படையாக ஒன்றின்மேல் ஒன்று ஒட்டுங்கள். துணியின் ஓரம் முட்டி நிற்கச் சிறு வரம்பு கட்டியதுபோல் இருக்கும். வரம்பு ஊசிக்கு முன்னால், உங்கள் பக்கமாக இரண்டு அங்குலமாவது நீள வேண்டும். துணியை இழுக்கும் பற்களையும் பொபின் மூடியையும் மறைத்துவிடக் கூடாது. பழைய சிங்கர்களில் பாதத்தின் வலப்பக்கம் பலகையில் திருகாணித் துளை இருப்பதைக் கண்டிருப்பீர்கள். அது துணிக்கு வரம்பாக வைக்கும் இரும்புத் துண்டைப் பூட்டுவதற்கு உள்ளது. அந்தத் துண்டு கிடைத்தால் பிளாஸ்ரர் தேவையில்லை.

அடையாளம் வைத்ததும் சோதித்துப் பார்க்க வேண்டும். தைத்த தையலை நாடாவால் அளப்பது சோதனை ஆகாது. 1 1/2 அங்குல அகலத்தில் மூன்று பட்டிகளை வெட்டி நீளவாக்கில் ஒன்றோடொன்று தையுங்கள். நன்றாக மினுக்கியபின் நடுப்பட்டியை அளவுங்கள். அது சரியாக ஒரு அங்குலம் இருக்க வேண்டும். குறைவாக இருந்தால் நீங்கள் அதிகம் விட்டுத் தைக்கிறீர்கள். வரம்பை ஊசிப்பக்கம் நகர்த்துங்கள். கூடுதலாக இருந்தால் மறுபக்கம் நகர்த்துங்கள். முதல் முறை பெரும்பாலும் நடுப்பட்டி ஒரு மயிரிழை குறைவாகவே வரும். துணி மடங்கும் இடத்தில் நூலின் தடிப்பும் மடிப்பும் கொஞ்சம் இடத்தை எடுப்பதே காரணம். அதனால்தான் அனுபவசாலிகள் கால் அங்குலத்துக்கு ஒரு இழை உள்ளாகவே தைப்பார்கள். துணியின் தடிப்பு மாறினால் இந்தச் சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும்.

தைக்கும்போது ஊசியைப் பார்க்காதீர்கள், வரம்பைப் பாருங்கள். ஊசி தன்பாட்டில் இறங்கும். துணியைப் பின்னாலிருந்து இழுத்தால் பற்களின் ஓட்டம் குலைந்து தையல் வளையும். பிழை அதிகம் நேர்வது கடைசி அரை அங்குலத்தில். துண்டு முடியப் போகிறது என்று கை தளர்ந்து ஓரம் உள்ளே சாய்கிறது. இதற்கு நல்ல வழி, ஒரு சோடி முடியும்போது நூலை வெட்டாமல் அடுத்த சோடியைத் தொடர்ந்து ஊட்டுவது. சோடிகள் கொடியில் காயும் துணிபோலத் தொடராக வரும். நூலும் மிச்சமாகும், கையும் நிதானமாக நிற்கும்.

அடுத்தது மினுக்குவது. தையலைத் திறக்குமுன் மூடியபடியே ஒரு தரம் சூடு வையுங்கள். பிறகு திறந்து, இரண்டு ஓரங்களையும் ஒரே பக்கம் சாய்த்து மினுக்குங்கள். சிரட்டைக்கரிப் பெட்டியானாலும் மின்சாரப் பெட்டியானாலும் தூக்கித் தூக்கி வைக்க வேண்டும். சட்டைக்குத் தேய்ப்பதுபோல் தேய்த்தால் துண்டு நீண்டு, இதுவரை காத்த அளவு கெட்டுவிடும். முதல் வரிசையின் ஓரங்களை வலப்பக்கமும் இரண்டாம் வரிசையின் ஓரங்களை இடப்பக்கமும் சாய்த்தால், இரண்டு வரிசைகளையும் சேர்க்கும்போது தையலும் தையலும் ஒன்றையொன்று முட்டிப் பூட்டிக்கொள்ளும். விரலால் தடவினாலே தெரியும். அந்த இடத்தில் குண்டூசி குத்தித் தைத்தால் மூலைகள் நாலும் ஒரு புள்ளியில் கூடும். வாங்குபவர் முதலில் பார்ப்பது அந்தப் புள்ளியைத்தான்.

சங்கமாகத் தைப்போருக்கு

ஐந்து பேர் ஐந்து வீட்டில் ஐந்து மெசினில் தைத்துப் பின் ஒன்றாகச் சேர்க்கும்போதே பெரிய நட்டம் வருகிறது. இதில் எமது அபிப்பிராயம் ஒன்றைச் சொல்ல வேண்டும்: அச்சொட்டான கால் அங்குலத்தைவிட, எல்லோருக்கும் ஒரே அளவு என்பதே முக்கியம். எல்லோரும் ஒரே விதமாக மாகாணி கூட விட்டால் விரிப்பு சற்றுச் சிறிதாகும், ஆனால் பொருந்தும். ஆளுக்கு ஒரு அளவானால் பொருந்தவே பொருந்தாது.

ஆகையால் வெட்டும் வேலையை ஒருவரிடமே விடுங்கள். மாதிரித் தகடு ஒன்றே இருக்கட்டும். வேலை தொடங்குமுன் ஒவ்வொருவரும் தத்தம் மெசினில் மூன்று பட்டிச் சோதனையைத் தைத்துக்கொண்டு வந்து, எல்லாவற்றையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பாருங்கள். யாருடையது பிசகுகிறது என்று யாரும் வாய் திறந்து சொல்ல வேண்டியதில்லை, துணியே காட்டிவிடும். இளையவர் மூத்தவரைத் திருத்தச் சங்கடப்படும் இடங்களில் இது பெரிய உதவி. ஒரு விரிப்பின் நீள வரிசைகளை ஒருவரே சேர்க்கட்டும். துண்டுகளை ஒன்பது ஒன்பதாகச் சேர்த்ததும் அந்தக் கட்டத்தை அளந்துதான் வாங்க வேண்டும். பெரிதாக இருந்தால் ஓரத்தை வெட்டலாம். சிறிதாக இருந்தால் பிரிப்பதைத் தவிர வேறு வழியில்லை. சேர்த்து முடித்த விரிப்பைப் பிரிப்பதைவிட ஒரு கட்டத்தைப் பிரிப்பது இலகு.

அளவுத்தொல்லை வேண்டாம் என்பவர்களுக்கும் வழி உண்டு. கர்நாடகத்தின் வட கன்னட மாவட்டத்தில் வாழும், ஆபிரிக்க வழிவந்த சித்தி இனப் பெண்கள் 'கவந்தி' என்னும் போர்வை தைக்கிறார்கள். பழஞ்சேலையை அடித்துணியாக விரித்து, ஓரத்திலிருந்து உள்நோக்கித் துண்டுகளின் விளிம்பை மடித்து மேலே வைத்து, கையால் ஓட்டுத்தையல் போட்டுக்கொண்டே போவார்கள். நாலு மூலையிலும் மடித்த துணியில் பூப்போல ஒரு முக்கோணம் வைப்பார்கள். அங்கே துண்டு துண்டோடு பொருந்த வேண்டியதில்லை, அடித்துணி எல்லாவற்றையும் தாங்கும். மெசின் இல்லாத வீட்டில், முதிய தாய்மாரும் மர நிழலில் இருந்து செய்யக்கூடிய வேலை அது. ஆனால் கட்டம் கட்டமாக ஒழுங்கான விரிப்பு வேண்டுமென்று கேட்பவரிடம் அதைக் கொடுக்க முடியாது. எதைத் தைக்கப் போகிறோம் என்பதை முன்பணம் வாங்குமுன்பே பேசிக்கொள்ளுங்கள். சோதித்துப் பார்த்த ஒரு கட்டத்தை மாதிரியாகக் கையிலே கொடுத்துவிட்டு, அதேபோன்ற இன்னொன்றைச் சங்கத்தில் வைத்திருங்கள்.